காட்சியும் கருணையும்

மலேசியாவில் இளவேனில் என்றொரு பருவம் இல்லை. ஆயினும், வடபுலத்தில் பனி உருகத் தொடங்கும் பிப்ரவரி, மார்ச்சுத் திங்கள்களில் அதன் செய்தியைப் பறவைகள் இங்குக் கொணர்கின்றன. தெற்கே குளிர்காலத்தைக் கழித்த தேன்பருந்துகள் சுமத்திராவிலிருந்து மலாக்கா நீரிணையைக் கடந்து, போர்ட்டிக்சனுக்கு அருகேயுள்ள தஞ்சோங் துவான் முனையில் கரை சேர்கின்றன.

நிலத்திலிருந்து எழும் வெப்பக்காற்றில் மிதந்து செல்வதே அவற்றின் இயல்பு. கடலின்மேல் அக்காற்றின் துணை குறைவு. ஆதலின், ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவைச் சிறகடித்தே கடக்கவேண்டும். களைத்து வரும் பருந்து கலங்கரை விளக்கத்தருகே தாழப் பறக்கிறது. படக்கருவியுடன் காத்திருப்போர்க்கு அதுவே நற்காட்சி. பறவையின் களைப்பு மனிதனின் வாய்ப்பாகிறது! அமைதியாக நின்று நோக்குவோரால் அதற்குத் தீங்கில்லை. ஆயினும், ஒரு வினா எழுகின்றது: அழகைக் காணும் உரிமை, அவ்வழகுடைய உயிரை அலைக்கழிக்கும் உரிமையும் ஆகுமா?

துப்பாக்கி ஏந்திய கை படக்கருவி ஏந்தியது வளர்ச்சியே. ஒரு நல்ல படம் வகுப்பறையில் பல பாடங்களின் பணியைச் செய்யும். எனினும், குருதி சிந்தாமலும் தீங்கு செய்யலாம். தேன்சிட்டின் தொங்கு கூட்டைத் தெளிவாகப் படமெடுக்க, மறைக்கும் இலைகளைக் கிள்ளி எறிவார் உளர். அவ்விலைகளே குஞ்சுகளுக்கு நிழல். காகத்தின் கண்ணுக்குத் திரை. பதிவுசெய்த குரலை ஒலிக்கச்செய்து பறவையை வரவழைப்பாரும் உளர். தன் எல்லைக்குள் பகை புகுந்ததென எண்ணி, அது இரைதேடுதலை விட்டுப் போருக்கு விரைகிறது. படம் மனிதனுக்கு; பாடு பறவைக்கு.

ஓர் இலையைக் கிள்ளுவதால் என்ன குறை என்று கேட்கலாம். அடுத்து வருவோரும் அவ்வாறே எண்ணின், கூட்டைச் சுற்றி இலையே எஞ்சாது.

மயிலைக் கண்ட பேகன் அதன் அழகில் மகிழ்ந்ததோடு நிற்கவில்லை. அதற்குக் குளிருமோ என எண்ணிப் போர்வை ஈந்தான். மயிலுக்குப் போர்வை தேவையா என்பது வேறு. கண்ட உயிரின் நிலையில் தன்னை வைத்து எண்ணினான் என்பதே அவன் பெருமை.

இன்றைய பறவை நோக்கருக்கும் அதுவே அளவுகோல். தம் வரவால் பறவை உண்பதை நிறுத்தியதா? கூட்டை விட்டு எழுந்ததா? ஆம் எனில், பின்வாங்குவதே அறம். மாணவர்க்குப் படமெடுக்கக் கற்பிக்கும் ஆசிரியர், எடுக்காமல் திரும்பும் பண்பையும் கற்பித்தல் வேண்டும். முன்னது திறமை, பின்னதே கல்வி.