பழகாப் புரவியும் பழகாக் கையும்



இல்லறத்தார் மேற்கொள்ளும் கொல்லாமை அணுவிரதத்திற்கு நேரக்கூடிய அதிசாரங்கள் ஐந்து என்று தத்துவார்த்த சூத்திரத்தின் ஏழாம் அத்தியாயத்தில் உமாஸ்வாமி ஆசாரியர் அருளியுள்ளார். பந்தம், வதம், சேதம், அதிபாராரோபணம், அன்னபான நிரோதம் என்பன அவை. அதாவது கட்டிவைத்தல், அடித்தல், உறுப்பைச் சிதைத்தல், தாங்க இயலாத சுமையை ஏற்றுதல், உணவையும் நீரையும் தடுத்தல். சமந்தபத்திர ஆசாரியரின் இரத்தினகரண்டக சிராவகாசாரமும், அதன் வழிவந்த நம் அருங்கலச்செப்பும் இவற்றையே எடுத்துரைக்கின்றன. இளமை முதலே இவ்வைந்தையும் ஒப்பித்து வந்திருக்கிறோம். ஆயினும் ஒன்றை நாம் கவனிப்பதில்லை. இவ்வைந்தில் ஒன்றேனும் வேடனைப் பற்றியதன்று. வேடன் விலங்கைக் கட்டி வைத்துக் காப்பதில்லை. அதன்மேல் பாரம் ஏற்றுவதில்லை. வேளைக்குத் தீனி வைக்க மறந்தான் என்ற பழியும் அவனுக்கில்லை. இவை அனைத்தும் ஓர் உயிரைத் தன்னுடையது என்று வைத்துக்கொண்டிருப்பவன் செய்யும் பிழைகள். கொல்லேன் என்று விரதம் பூண்டவனின் வீட்டுத் தொழுவத்திற்குள்ளேயே ஆசாரியர் நுழைந்து பார்க்கிறார்.

இந்த ஐந்து பிழைகளும் ஒருங்கே வந்து கூடும் இடம் ஒன்று உண்டு. சேணம் காணாத ஒரு குதிரையை, குதிரைகளோடு பழகியிராத ஒருவர் விலைக்கு வாங்கி, தாமே பழக்கத் துணியும் இடமே அது. நம்முள் குதிரை வளர்ப்போர் சிலரே. ஆதலின் இது நமக்கு எதற்கு என்று யாரும் எண்ணற்க. மூன்றாம் தீர்த்தங்கரர் சம்பவநாதர் பெருமானின் இலாஞ்சனம் குதிரை என்பதை நாம் அறிவோம். குதிரையோ மனமுடைய ஐயறிவுயிர். விலங்குகதியில் பிறந்த அத்தகைய உயிரும் நற்காட்சி பெறலாம். அணுவிரதியின் நிலையாகிய ஐந்தாம் குணஸ்தானம் வரை உயரலாம் என்பது நம் ஆகமக் கொள்கை. அப்படியானால் கயிற்றின் ஒரு முனையில் நிற்பவரும் மறுமுனையில் நிற்கும் உயிரும் ஒரே படிக்கட்டில் ஏறத் தகுதியுடையவர்கள்.

அமெரிக்க நாட்டின் மேற்குப் பகுதியில் மஸ்டாங் எனப்படும் காட்டுக் குதிரைகள் மந்தை மந்தையாக வாழ்கின்றன. அவற்றைக் காக்க 1971ஆம் ஆண்டில் தனிச் சட்டம் ஒன்று இயற்றப்பட்டது. மேய்ச்சல் நிலம் தாங்கும் அளவை மீறிப் பெருகியவற்றை அரசு நில நிர்வாகத் துறையினர் பிடித்து, வளர்க்க முன்வருவோருக்குத் தத்துக் கொடுக்கின்றனர். பழக்கப்படாத வளர்ந்த குதிரையாயின் பட்டியின் வேலி 6 அடி உயரம் இருத்தல் வேண்டும். குதிரை ஒன்றுக்குப் பட்டி 400 சதுர அடிக்குக் குறைதல் கூடாது. ஓராண்டு நன்கு பேணிய பின்னரே உரிமைப் பத்திரம் வழங்கப்படும். விதிகள் நல்லவையே. ஆனால் வேலியின் உயரத்தை அளக்கலாம். வாங்க வந்தவரின் பொறுமையை எவ்வாறு அளப்பது? 2019ஆம் ஆண்டில், தத்தெடுப்போருக்கு 1000 டாலர் ஊக்கத்தொகை தரும் திட்டம் தொடங்கப்பட்டது. அத்தொகையைப் பெற்றுக்கொண்ட சிலர் அக்குதிரைகளைக் கொலைக்களத்திற்கு வழிவிடும் ஏலச் சந்தைகளில் விற்றுவிட்டனர் என்று 2021இல் செய்தித்தாள்கள் எழுதின. பழகாத குதிரைக்கு நேரக்கூடிய முடிவு இது. எவரும் அணுக முடியாத குதிரைக்கு மருத்துவர் ஊசி போட இயலாது. குளம்பு திருத்துபவர் காலைத் தொட இயலாது. அதனை நல்ல விலைக்கு வாங்குவார் இல்லை. எனவே பழக்குதல் என்பதே இம்சை, அதனை அதன் போக்கில் விட்டுவிடுக என்று கூறிவிடுவது எளிது. வேலிக்குள் வந்துவிட்ட குதிரைக்கு அது கருணையாகாது.

ஆகவே பழக்குதல் வேண்டும். எப்படி என்பதே கேள்வி.

குதிரை இரையாகப் படைந்த பிராணி. அதன் கண்கள் தலையின் இருபுறமும் அமைந்து, ஏறத்தாழ 350 பாகை அளவுக்குச் சுற்றிலும் காண்பவை. நெற்றிக்கு நேர் முன்னும் வாலுக்கு நேர் பின்னும் மட்டுமே அதற்குக் காட்சி இல்லை. பழக்கமில்லாத புதியவர் செய்வது என்ன? அன்பின் மிகுதியால் நேரே நடந்து சென்று நெற்றியைத் தடவக் கை நீட்டுகிறார். குதிரையின் கணக்கில், நேர்கோட்டில் கண்ணிமைக்காமல் நெருங்கி வருவது புலி. அது விலகி ஓடுகிறது, இவர் பின்தொடர்கிறார், அது மூலையில் சிக்கி உதைக்கிறது. அவர் அதனைத் துஷ்டக் குதிரை என்கிறார். அங்கே துஷ்டத்தனம் எதுவும் நிகழவில்லை. அச்சம் ஒன்றுதான் நிகழ்ந்தது.

தேர்ந்தவர்கள் வேறு விதமாகச் செய்கின்றனர். தோளின் பக்கமாக, சாய்வாகச் சில அடிகள் நடப்பர். குதிரை தலை நிமிர்த்திச் செவியை விறைத்தால் அங்கேயே நின்றுவிடுவர். அது சற்றே தளர்ந்து, ஒரு செவியை இவர் பக்கம் திருப்பியதும், முன்னேறாமல் பின்வாங்குவர். இந்தப் பின்வாங்குதலில்தான் பயிற்சி முழுவதும் அடங்கியிருக்கிறது. கயிற்றை மெல்ல இழுத்தால் குதிரை கற்பதில்லை. அது ஓரடி இசைந்த அக்கணமே கயிற்றைத் தளர்த்தும்போதுதான் கற்கிறது. சற்றுத் தாமதித்துத் தளர்த்தினால், எதற்காகத் தளர்ந்தது என்று அதற்கு விளங்குவதில்லை. பிடிப்பது எல்லோருக்கும் வரும். விடுவதற்குத்தான் பழக்கம் தேவை. பற்றைப் பற்றி இத்தனை காலம் உபதேசம் கேட்டு வந்த நமக்கு இது புதிதாக இருக்க நியாயமில்லை. எனினும் கையில் கயிறு இருக்கும்போது நினைவுக்கு வருவதில்லை.

உள்ளத்தில் சினத்தை வைத்துக்கொண்டு வெளியே சாந்தமாக நடிக்கலாமே எனில், குதிரையிடம் அது செல்லாது. ஜெர்மனியின் பெர்லின் நகரில் ஹான்ஸ் என்றொரு குதிரை கணக்குப் போடுகிறது என்று பெரும் பேச்சு எழுந்தது. கேட்ட எண்ணுக்குத் தக்கபடி குளம்பால் தட்டும். ஆஸ்கார் ஃபுங்ஸ்ட் என்னும் ஆய்வாளர் சோதித்து 1907இல் உண்மையை வெளியிட்டார். குதிரைக்குக் கணக்குத் தெரியாது. சரியான எண்ணிக்கை வந்தவுடன் கேள்வி கேட்டவரின் தலையில் தோன்றிய, அவரே அறியாத மிக நுண்ணிய அசைவைக் கண்டு அது தட்டுவதை நிறுத்தியிருக்கிறது. கேட்பவருக்கே விடை தெரியாதபோது குதிரைக்கும் தெரியவில்லை! ஒரு மனிதன் மறைத்துவைத்ததாக எண்ணிய மனநிலையை அவன் உடலிலிருந்து படித்துவிடும் உயிர் அது. மனம், வாக்கு, காயம் என்னும் மூன்றையும் காத்தல் வேண்டும் என்று முனிவர்க்கு உரைத்த குப்திகளை, இல்லறத்தான் குதிரைப் பட்டிக்குள் ஓரளவேனும் பயின்றாக வேண்டும்.

இனி, ஐந்து அதிசாரங்களுக்கு வருவோம். பந்தம் என்பது கட்டுதல். எந்தக் குதிரையையும் கட்டாமல் வளர்க்க இயலாது. ஆயினும் கயிற்றுக்கு இசையக் கற்காத குதிரையைக் கம்பத்தில் இறுகக் கட்டுவது கொடுமை. அச்சத்தில் பின்னோக்கி இழுக்கும். கயிறு அறாவிடில் கழுத்து நோகும். சில வேளை விழுந்து உயிரே போகும். முன்பு கால்களைக் கட்டிக் கீழே வீழ்த்தி அடக்கும் முறையும் நாடுகள் பலவற்றில் இருந்தது. அமெரிக்கரான ஜான் ராரே என்பவர் இங்கிலாந்து சென்று, 1858இல், யாரும் அணுக முடியாதிருந்த குரூசர் என்னும் குதிரையை ஒரு முன்காலை மடக்கிக் கட்டிப் படுக்கவைத்து வசப்படுத்திப் பெரும்புகழ் பெற்றார். அடிப்பதைக் காட்டிலும் அது மென்மையான முறை என்று அக்காலத்தார் மெச்சினர், அது உண்மையே. ஆனால் ஓடித் தப்புவதையே காப்பாகக் கொண்ட உயிரிடமிருந்து காலைப் பறித்தால் அது அடங்குவது இணக்கமா, கைவிட்ட நிலையா? கைவிட்ட நிலை என்றே எனக்குத் தோன்றுகிறது.

அடித்தலைப் பற்றி மிகுதியாகக் கூற வேண்டியதில்லை. சினத்தோடு குதிரையை அணுகாதே என்று கிரேக்க அறிஞர் செனபோன் கி.மு. நான்காம் நூற்றாண்டிலேயே எழுதிவைத்தார். உறுப்பைச் சிதைத்தல் என்றவுடன் கத்தியை மட்டும் நினைத்தல் கூடாது. பழகாத கை கடிவாளத்தைப் பற்றி இழுக்கும்போது, நாவின்மேலும் பல்லில்லாத ஈற்றின்மேலும் இரும்பு அழுந்திப் புண்ணாக்குகிறதே, அதுவும் சேதம்தான்.

மிகுபாரம் என்பதற்குக் குதிரையின் வயதும் ஒரு கணக்கு. தோற்றத்தில் இரண்டு வயதுக் குட்டி வளர்ந்த குதிரைபோல் நிற்கும். அதன் முதுகெலும்பின் வளர்முனைகள் முழுவதும் இறுகுவதற்கோ ஐந்தரை, ஆறு வயதாகும். முதிர்ந்த குதிரைக்கும், சேணத்தையும் சேர்த்து அதன் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்குமேல் ஏற்றுதல் தகாது என்பது ஆய்ந்தோர் கருத்து. 400 கிலோ எடையுள்ள குதிரைக்கு 80 கிலோ. வாங்குமுன் குதிரையின் பல்லைப் பிடித்துப் பார்ப்பவர், தம்மையும் ஒருமுறை தராசில் நிறுத்துப் பார்த்தல் நன்று.

அன்னபான நிரோதத்தில்தான் அறிஞரும் தவறுகின்றனர். பசியும் தாகமும் தனிமையில் தோன்றவும், உணவும் நீரும் மனிதன் கையால் கிடைக்கவும் செய்தால் குட்டி மனிதனை விரும்பும் என்று மேற்கூறிய செனபோனே யோசனை கூறுகிறார். தந்திரம் பலிக்கும் என்பதில் ஐயமில்லை. ஆனால் நம் ஆசாரியர் அதனை அதிசாரப் பட்டியலில் வைத்தார். இன்றைய மருத்துவ அறிவும் அவர் பக்கமே நிற்கிறது. குதிரையின் இரைப்பை சிறியது. அதில் அமிலம் இடைவிடாது சுரக்கிறது. நாளின் பெரும்பகுதியைச் சிறிது சிறிதாக மேய்ந்து கழிக்கவே அது அமைந்தது. பல மணி நேரம் வெறும் வயிறாக நிறுத்தினால் இரைப்பையில் புண் தோன்றும், புண்பட்ட குதிரை சேணவார் இறுக்கும்போது கடிக்க வரும், கடித்ததற்காக அடிபடும். ஓர் அதிசாரம் மற்றொன்றை எவ்வாறு ஈன்று தருகிறது என்று பாருங்கள்.

இத்தனையும் தெரியாமல்தானே செய்தார்கள், தெரியாமை பாவமாகுமா என்று சிலர் வினவலாம். பிரமத்த யோகத்தால், அதாவது விழிப்பின்மை கலந்த மன, வாக்கு, காயச் செயலால் உயிர்க்கு ஊறு நேர்வதே இம்சை என்பது சூத்திரம். தெரியாது என்று தெரிந்திருந்தும், கேட்டறியாமல் கை வைப்பது விழிப்பின்மை அல்லாது வேறென்ன? பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் நம் பாண்டிய நாட்டைக் கண்டெழுதிய மார்க்கோ போலோ ஒரு செய்தி கூறுகிறார். அரசன் ஆண்டுதோறும் 2000க்கு மேற்பட்ட குதிரைகளைக் கடல்வழியே வரவழைத்தானாம்; ஆண்டு முடிவில் நூறுகூட எஞ்சுவதில்லையாம். பேணும் முறை அறிந்தவர் நாட்டில் இல்லை. குதிரை மருத்துவர் இங்கு வராதபடி வணிகர்களே பார்த்துக்கொண்டனர் என்கிறார். செத்தால்தானே மறு ஆண்டும் விற்கலாம்! அவர் எண்ணிக்கையைச் சற்று மிகைப்படுத்தியிருக்கலாம். எனினும் அக்குதிரைகள்மேல் யாருக்கும் பகை இருந்ததில்லை. பொன்னைக் கொட்டி வாங்கியவர்கள் அவற்றை விரும்பியே வாங்கினார்கள் என்பதை எண்ணிப் பார்க்கும்போது நெஞ்சு கனக்கிறது.

அனுபவம் இல்லாமை தன்னளவில் குற்றமன்று. அமெரிக்காவில் கொலராடோ, நெவாடா முதலிய மாநிலங்களின் சிறைச்சாலைகளில், குதிரையைத் தொட்டே அறியாத கைதிகள் பலர் மஸ்டாங் குதிரைகளைப் பழக்கி வந்துள்ளனர். அவர்கள் பழக்கிய குதிரைகள் எல்லைக் காவலர்களிடமும் குடும்பங்களிடமும் பணிக்குச் சென்றிருக்கின்றன. அவர்களுக்கு வாய்த்தது என்ன? அருகில் நின்று திருத்தும் ஓர் ஆசானும், அவசரமே இல்லாத நாட்களும். இவ்விரண்டும் இல்லாத வீட்டுக்குப் பழகாத குதிரை வேண்டாம். பழகிய முதிர்ந்த குதிரையிடம் முதலில் தாம் கற்றுக்கொள்ளட்டும். முன்னரே வாங்கிவிட்டவர், மகனைத் தொழில் கற்க விடுவதுபோல் தேர்ந்தவரிடம் குட்டியை ஒப்படைத்து, அது என்னென்ன கற்றுத் திரும்ப வேண்டும் என்று எழுதி வாங்கிக்கொள்க என்பது செனபோனின் அறிவுரை. இதில் அவர் சொல் பொன்னானது. ஒப்படைத்த பின்னும் நாள்தோறும் சென்று நிற்க வேண்டும். குதிரை கற்பதை உரிமையாளர் கற்கவில்லையேல், வீடு திரும்பிய சில வாரங்களில் இருவரும் பழைய இடத்திற்கே வந்துவிடுவர்.

சம்பவநாதர் பிறந்தருளிய சிராவஸ்தி நகரில் பின்னொரு காலத்தில், பார்சுவநாதர் மரபினரான கேசி முனிவரும் மகாவீரரின் கணதரர் கௌதமரும் சந்தித்து உரையாடினர் என்று சுவேதாம்பர மரபின் உத்தராத்தியயன சூத்திரம் கூறுகிறது. கட்டுக்கடங்காத குதிரைமேல் அமர்ந்திருக்கிறீரே, அது உம்மை வழிதவறச் செய்யவில்லையா என்பது கேசியின் வினாக்களுள் ஒன்று. அக்குதிரை மனமே என்றும், சுருத ஞானம் என்னும் கயிற்றால் அதனை நடத்துகிறேன் என்றும் கௌதமர் விடை பகர்ந்தார். கயிற்றால் நடத்துவதாகக் கூறினாரேயன்றி, சவுக்கால் வென்றதாகக் கூறவில்லை.

குதிரையாயினும், உழவு மாடாயினும், வாயிலில் கட்டிய நாயாயினும் ஓர் உயிரை வைத்திருப்போர் மாலைப் பிரதிக்கிரமணத்தின்போது ஐந்து அதிசாரங்களையும் பொதுவில் ஒப்பித்து முடித்துவிடாமல், அவ்வுயிரைப் பெயரிட்டு நினைந்து ஒவ்வொன்றாகச் சொல்லிப் பாருங்கள். இன்று இதன் கயிறு எவ்வளவு நேரம் இறுகியிருந்தது? நீர்த்தொட்டி எப்போது காலியாயிற்று? விடை தெரியாவிடில், எழுந்து தொழுவத்திற்குச் சென்று பார்த்துவிட்டு வந்து, பிறகு தொடருங்கள்.