உத்தரவின் தேதியும் உரிமையின் தேதியும்

ராணுவ உத்தியோகத்தில் ஒருவருடைய பதவி உயர்வுக்குச் சில சமயங்களில் இரண்டு தேதிகள் ஏற்பட்டுவிடுகின்றன. தகுதி நிரம்பி, இடமும் காலியாக இருந்து, நியாயப்படி உயர்வு வந்திருக்கவேண்டிய நாள் ஒன்று. கோப்பு மேசைக்கு மேசை நகர்ந்து, விளக்கம் கேட்கப்பட்டு, அந்த விளக்கத்துக்கும் விளக்கம் கேட்கப்பட்டு, கடைசியில் கையொப்பம் விழுந்து உத்தரவு வெளிவந்த நாள் மற்றொன்று. இவ்விரண்டுக்கும் இடையில் கழிந்த காலம் அவருடைய குற்றத்தால் கழிந்ததன்று என்று நிர்வாகமே பின்னர் ஒப்புக்கொண்டு தேதியைத் திருத்த முன்வரும்போது, எவ்வளவு தூரம் திருத்தினால் அது தர்மத்துக்குப் பொருந்தும் என்ற விசாரணை எழுகிறது. காகிதத்திலுள்ள தேதியை மாற்றினால் போதுமா, இடைக்காலத்துச் சம்பளத்தையும் கொடுக்கவேண்டுமா, அதற்குள் அவரைத் தாண்டிச் சென்றுவிட்டவர்களைப் பின்னுக்குத் தள்ளலாமா, வாய்திறந்து கேளாதவருக்கும் இந்தப் பரிகாரம் உண்டா என்பவையெல்லாம் அந்த ஒரு விசாரணையின் கிளைகளே.

இதனைச் சிந்திப்பதற்கு நெய்வேலி நகரியம் தகுந்த இடம். 1956ஆம் ஆண்டு நவம்பரில் பழுப்பு நிலக்கரி நிறுவனம் அமைந்து, 1957 மே 20ஆம் தேதி பண்டித நேரு சுரங்கப் பணியைத் தொடங்கிவைத்த பின்னர், முந்திரிக் காடுகளும் புன்செய் நிலங்களுமாயிருந்த பூமியில் வட்டம் வட்டமாக எழுந்த இந்த ஊரில், சீனியாரிட்டி என்ற சொல்லை அறியாத வீடு கிடையாது. ஒரு தொழிலாளியின் பதவி உயர்வு இரண்டு மாதம் தள்ளிப்போனால், ஷிப்ட் மாறும் நேரத்தில் சுரங்க வாயிலில் நடக்கும் கூட்டத்தில் அந்தச் செய்தி ஒலிபெருக்கியில் வந்துவிடும். தொ.மு.ச., பாட்டாளி தொழிற்சங்கம், அண்ணா தொழிற்சங்கம், சி.ஐ.டி.யு. என்று எந்தக் கொடியின்கீழ் நின்றாலும், அவருக்காகப் பேச ஒரு வாய் இருக்கிறது. ஒப்பந்தத் தொழிலாளர் நிலை வேறு. நிரந்தரம் என்ற அந்த ஒரு தேதிக்காகவே ஆண்டுக்கணக்கில் காத்திருப்பவர்கள் அவர்கள். ஆயினும் அவர்களும் சங்கம் அமைத்தார்கள், வேலைநிறுத்தம் செய்தார்கள், நீதிமன்றம் ஏறினார்கள்.

அதே ஊரில், ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்றுவந்து இரண்டாவது உத்தியோகம் பார்ப்பவர்களும் இருக்கிறார்கள். மத்திய அரசின் பொதுத்துறை நிறுவனங்களில் 'சி' பிரிவில் 14.5 சதவிகிதமும் 'டி' பிரிவில் 24.5 சதவிகிதமும் முன்னாள் படைவீரர்களுக்கும் அவர்களைச் சார்ந்தோரில் சிலருக்கும் ஒதுக்கப்பட்டிருக்கின்றன. இவர்கள் சீருடையில் கழித்த ஆண்டுகளில் சங்கம் என்பதே கிடையாது. அரசியல் சட்டத்தின் 33ஆம் விதி படையினரின் அடிப்படை உரிமைகளைக் கட்டுப்படுத்தப் பாராளுமன்றத்துக்கு அதிகாரம் அளிக்கிறது. 1950ஆம் ஆண்டு ராணுவச் சட்டத்தின் 21ஆம் பிரிவு அந்த அதிகாரத்தைக் கொண்டே சங்கம் சேர்வதையும் பத்திரிகைக்கு எழுதுவதையும் கட்டுப்படுத்துகிறது. குறையிருந்தால் சிப்பாய் 26ஆம் பிரிவின்படியும் அதிகாரி 27ஆம் பிரிவின்படியும் மேலிடத்துக்கு மனுப் போடலாம். மனு போகும் வழி, பெரும்பாலும் குறைக்குக் காரணமாயிருந்த அதே படிக்கட்டுகளின் வழிதான். இந்தக் கட்டுப்பாடு அவசியமானதே. ஆயுதம் தாங்கிய கூட்டம் கோஷமிட்டுக் காரியம் சாதிக்கத் தொடங்கினால் குடியரசு நிலைக்காது. ஆனால், ஒருவனுடைய வாயைத் தேச நன்மைக்காகக் கட்டிவைத்தவர்கள், அவன் பேசவேண்டியதைத் தாங்களே பேசும் கடமையையும் சேர்த்தே ஏற்றுக்கொண்டவர்கள் என்பதை மறந்துவிடுகிறோம். இந்தப் பிரச்னையின் ஆணிவேர் அதுவே என்பது இக்கட்டுரையின் துணிபு.

தாமதம் எங்கே பிறக்கிறது என்பதைச் சற்று நெருங்கிப் பார்க்கவேண்டும். ஒரு படைவீரருடைய வாழ்வில் நடக்கும் ஒவ்வொன்றும், விடுப்பு, விவாகம், குழந்தை பிறப்பு, பதவி உயர்வு எதுவாயினும், அவருடைய பிரிவிலிருந்து 'பார்ட் டூ ஆர்டர்' என்ற உத்தரவாக வெளியாகி, ரிக்கார்டு ஆபீசுக்குச் செல்லவேண்டும். மெட்ராஸ் ரெஜிமெண்டைச் சேர்ந்தவரானால் நீலகிரி வெலிங்டனுக்கு. அதிகாரிகளின் சம்பளக் கணக்கோ புனேயில் இருக்கிறது. எல்லையில் ஒரு முகாமில், மங்கிய விளக்கொளியில், மாற்றலாகிப் போகும் அவசரத்தில் ஒரு குமாஸ்தா தட்டச்சு செய்யாமல் விட்ட ஒரு வரி, ஆண்டுகள் கழித்து ஓய்வூதியக் கணக்கில் பள்ளமாகத் தென்படும். கடைசியாக வகித்த பதவியில் குறைந்தது பத்து மாதமாவது இருந்திருந்தால்தான் அந்தப் பதவிக்குரிய ஓய்வூதியம் என்ற விதி நெடுங்காலம் அமலில் இருந்தது; ஒன்பது மாதத்துக்கும் பத்து மாதத்துக்கும் உள்ள வித்தியாசம் ஒரு குடும்பத்தின் ஆயுட்கால வருமானத்தைத் தொட்டது. இந்தத் தாமதங்களில் பெரும்பாலானவற்றில் துவேஷம் கிடையாது. துவேஷம் இல்லை என்பதே நிர்வாகத்தின் வழக்கமான சமாதானமும் ஆகும். ஆனால், நஷ்டம் அடைந்தவருக்கு அது துவேஷத்தால் வந்ததா, அசிரத்தையால் வந்ததா என்பதால் ஒரு ரூபாயும் குறைந்துவிடவில்லை.

நீதிமன்றங்கள் இந்த விஷயத்தில் ஒரே வழியில் நடக்கவில்லை. பாதுகாப்பு ஆராய்ச்சித் துறை விஞ்ஞானிகள் சம்பந்தமான வழக்கில், இடம் காலியான நாளிலிருந்தன்று, பதவி உயர்வு வழங்கப்பட்ட நாளிலிருந்தே அது செல்லும் என்று உச்ச நீதிமன்றம் 1989இல் கூறியது. அதே ஆண்டில், ராணுவத் தளவாடத் தொழிற்சாலைகளின் சூபர்வைசர்கள் வழக்கில், முன்தேதியிட்ட உயர்வு உண்டு, ஆனால் அந்தப் பதவியில் உழைக்காத காலத்துக்குச் சம்பளம் இல்லை என்றது. வேலை செய்யாதவருக்கு ஊதியம் இல்லை என்ற இந்தச் சூத்திரத்தை இரண்டே வருஷங்களில், ஜானகிராமன் வழக்கில், அதே நீதிமன்றம் கட்டுப்படுத்தியது: வேலை செய்யச் சித்தமாயிருந்தவரை, அவர் குற்றம் ஏதுமின்றி நிர்வாகமே தடுத்து நிறுத்தியிருக்கும்போது அந்தச் சூத்திரம் செல்லாது என்று. 2015இல் ஒரு நாயப் சுபேதாரின் வழக்கில், முன்தேதியிட்டுச் சீனியாரிட்டி கொடுத்த ராணுவம் சம்பளத்தை மட்டும் மறுத்தது சரியன்று என்று தீர்ப்பாயிற்று.

இவற்றுள் எது தர்மத்துக்கு நெருங்கியது என்பதில் சந்தேகத்துக்கு இடமில்லை. உழைக்கவில்லையே என்று சொல்லும் உரிமை, உழைப்பதற்கு வாசலைத் திறந்துவைத்தவருக்குத்தான் உண்டு. கதவைத் தாழிட்டவர், உள்ளே வரவில்லையே என்று குறைகூறுவது நீதியாகாது. அதுவுமன்றி, உயர்வு கிடைக்காமல், உதாரணமாக மேஜராகவே, நிறுத்திவைக்கப்பட்டவர் அந்தக் காலமெல்லாம் சும்மா இருந்துவிடவில்லை. மேஜருக்குரிய வேலையைச் செய்தே இருந்தார். மேற்பதவியின் சம்பளத்தை மிச்சம் பிடித்தது சர்க்காரின் கஜானா. தன்னுடைய அசிரத்தையால் தனக்கு விளைந்த ஆதாயத்தைக் கையில் வைத்துக்கொண்டே, தேதியை மட்டும் திருத்திக் கொடுத்துவிட்டுத் தயாளம் காட்டியதாக எண்ணும் நிர்வாகம், கடனை ஒப்புக்கொண்டு பத்திரம் எழுதிக் கொடுத்துப் பணத்தை மறுக்கும் கடன்காரருக்குச் சமானம்.

ஆனால் மூன்றாமவர் ஒருவர் இருக்கிறார். இங்கேதான் விஷயம் கடினமாகிறது. சீனியாரிட்டிப் பட்டியலில் ஒரு பெயரை மேலே ஏற்றினால் அதற்குக் கீழே உள்ள பெயர்களெல்லாம் ஒரு படி இறங்குகின்றன. இறங்குபவர்கள் எந்தத் தவறும் செய்தவர்களல்லர். அவர்களும் அந்தப் பட்டியலை நம்பி, பிள்ளைகளின் படிப்பையும் ஓய்வுபெறும் ஊரையும் நிச்சயித்துக்கொண்டவர்கள். ராணுவத்தில் இது இன்னும் கூர்மையானது; கர்னலாக நின்றுவிடுபவர் 54 வயதில் ஓய்வு பெறுகிறார், பிரிகேடியருக்கு 56, மேஜர் ஜெனரலுக்கு 58. கோபுரம் மேலே போகப்போகக் குறுகுவதால், ஒருவர் இழந்த ஆறு மாதத்தை இன்னொருவருடைய ஆறு மாதத்திலிருந்து வெட்டியெடுத்துக் கொடுக்கலாம் என்று நினைப்பது, ஓர் அநீதியைத் தீர்க்காமல் இடம் மாற்றுவதாகும்.

இந்தச் சிக்கலுக்குத் தேசம் அண்மையில் கண்ட உதாரணம் ராணுவத்தின் பெண் அதிகாரிகளுடையது. 1992 முதல் குறுகிய கால உத்தியோகத்தில் சேர்க்கப்பட்ட அவர்களுக்கு நிரந்தர உத்தியோகம் வழங்கவேண்டும் என்று டெல்லி உயர் நீதிமன்றம் 2010 மார்ச் 12ஆம் தேதி தீர்ப்பளித்தது. சர்க்கார் மேல்முறையீடு செய்தது. தீர்ப்புக்குத் தடை ஏதும் விதிக்கப்படவில்லை என்று உச்ச நீதிமன்றமே 2011இல் தெளிவுபடுத்திய பிறகும் அது நிறைவேற்றப்படவில்லை. 2020 பிப்ரவரி 17ஆம் தேதி இறுதித் தீர்ப்பு வந்தபோது பத்து ஆண்டுகள் கழிந்துவிட்டிருந்தன. ஓர் அதிகாரி படைப்பிரிவொன்றை நடத்தும் தகுதியைச் சம்பாதிக்கும் ஆண்டுகள் அவை. அந்த ஆண்டுகளில் அவர்களுக்குப் பயிற்சி வகுப்புகளோ தலைமைப் பொறுப்புகளோ உரியபடி கொடுக்கப்படவில்லை. நிரந்தரமாகப் போகாதவர்கள் என்ற எண்ணத்திலேயே அவர்களுடைய ரகசியக் குறிப்பேடுகளும் எழுதப்பட்டிருந்தன. இதை 2021 மார்ச் 25ஆம் தேதித் தீர்ப்பில் நீதிபதி சந்திரசூட் விரிவாகவே சொன்னார். தேதியைத் திருத்தினாலும் திரும்பி வராதது இதுதான்: மனிதன் அந்த வயதில் செய்திருக்கவேண்டிய வேலை.

எனினும் அதன் பின்னர் நடந்த ஒன்று கவனிக்கத்தக்கது. 2023 ஜனவரியில் 1992 முதல் 2006 வரையிலான தொகுதிகளைச் சேர்ந்த 244 பெண் அதிகாரிகளைக் கர்னல் பதவிக்குப் பரிசீலித்தபோது, ஆண் அதிகாரிகளுக்குரிய இடங்களைப் பறிக்காமல், இதற்கென்றே 108 இடங்கள் தனியே ஒதுக்கப்பட்டன. தேர்வு நடந்த முறையில் குறைகள் இருந்தன. குறிப்பேடுகளைக் கணக்கிலெடுத்த முறை தன்னிச்சையானது என்று உச்ச நீதிமன்றம் அதே ஆண்டு நவம்பரில் சொல்லி மறுபரிசீலனைக்கு உத்தரவிட்டது. ஆனால் வழி சரியானது. தவறு செய்தவர் சர்க்கார். ஆகவே புதிய இடத்தை உண்டாக்கிக் கொடுக்கும் செலவு சர்க்காருடையது. சக அதிகாரியின் தோளிலிருந்து நட்சத்திரத்தைக் கழற்றி மற்றவருக்குச் சூட்டும் பரிகாரம் மலிவானது என்பதற்காகவே அதை மேற்கொள்ளலாகாது.

காலத்தைப் பற்றியும் ஒன்று சொல்லவேண்டும். தமிழ்நாட்டுப் பொறியாளர் ஒருவர், 1957இல் தமக்கு இளையவர்கள் உயர்த்தப்பட்டதை எதிர்த்துப் பதினான்கு ஆண்டுகளுக்குப் பின் நீதிமன்றம் வந்தபோது, ஆறு மாதத்துக்குள், மிஞ்சினால் ஓராண்டுக்குள் வந்திருக்கவேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1974இல் கூறிவிட்டது. 2007ஆம் ஆண்டு ஆயுதப்படைத் தீர்ப்பாயச் சட்டத்தின் 22ஆம் பிரிவும் ஆறு மாதக் கெடுவையே வைக்கிறது; தாமதத்தை மன்னிக்கும் அதிகாரம் இருப்பினும், மன்னிப்புக் கேட்கவேண்டியவர் படைவீரர்தான். உடல்குன்றி 1983இல் வெளியேற்றப்பட்டு 1999இல் வழக்காடிய ஒரு படைவீரருக்கு, ஓய்வூதியம் மாதந்தோறும் தொடரும் பாத்தியதை என்பதால் பாக்கி மூன்றாண்டுக்கு மட்டும் கிடைத்தது. இதை வழங்கிய 2008ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றத் தீர்ப்பே, பிறரைப் பாதிக்கும் சீனியாரிட்டிக் கோரிக்கைகளில் தாமதம் கோரிக்கையையே அழித்துவிடும் என்றும் சொன்னது. மூன்றாமவர்களின் பாதுகாப்புக்கு இத்தகைய எல்லை வேண்டும் என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் படைவீரர் ஆறு மாதம் தாமதித்தால் உரிமை போகிறது. நிர்வாகம் பத்து வருஷம் தாமதித்தால் அதனிடமிருந்து எதுவும் போவதில்லை. பேசக்கூடாதென்று விதிக்கப்பட்டவரைப் பார்த்து, ஏன் சீக்கிரம் பேசவில்லை என்று கேட்பதில் அடங்கியுள்ள அநீதி, சட்டப் புத்தகங்களில் இன்னும் இடம் பெறவில்லை.

தேதி திருத்தும் கோரிக்கைகளெல்லாம் தர்மமானவை என்பதும் இதன் பொருளன்று. முன்னாள் ராணுவத் தளபதி ஜெனரல் வி.கே. சிங்கின் பிறந்த ஆண்டு ராணுவத் தலைமையகத்தின் ஒரு கிளையில் 1951 என்றும் மற்றொரு கிளையில் 1950 என்றும் நெடுநாள் நின்றது. முந்திய ஆண்டையே ஏற்பதாகப் பதவி உயர்வுகளின்போது அவர் எழுதிக் கொடுத்திருந்தார். பின்னர் அதை மறுக்க வழக்குத் தொடுத்து, நீதிபதிகளின் அபிப்பிராயத்தைக் கண்டு 2012 பிப்ரவரியில் திரும்பப் பெற்றுக்கொண்டார். ஒரே சேனையின் இரண்டு கிளைகள் ஒரு மனிதருக்கு இரண்டு பிறந்த ஆண்டுகளை வைத்திருந்தது நிர்வாகத்துக்கு வெட்கக்கேடு. ஆயினும் சம்மதித்தவருடைய நிலை, அறியாமலே இழந்தவருடைய நிலையைப் போன்றதன்று. தவறு யாருடையது, அதனால் ஆதாயம் அடைந்தவர் யார் என்ற இரண்டு கேள்விகளையும் கேட்ட பின்பே திருத்தவேண்டும்.

ஆகவே ரிக்கார்டு ஆபீசுகளும் தலைமையகக் கிளைகளும் செய்யவேண்டியது தெளிவு. தாமதம் தங்களுடையதென்று கண்டவுடன், மனுவுக்குக் காத்திராமல் தாமாகவே தேதியைத் திருத்தி, சம்பளத்தையும் வட்டியையும் சேர்த்துக் கொடுத்து, இடம் இல்லையெனில் கூடுதல் இடத்தை உண்டாக்கவேண்டும். ஒரே குளறுபடியில் பலர் பாதிக்கப்பட்டிருந்தால், வழக்குப் போட்ட ஒருவருக்கு மட்டும் கொடுத்து மற்றவர்களை மறந்துவிடக்கூடாது. சீருடையில் இருப்பவர்கள் இதைத் தாங்களே கேட்க முடியாது. கேட்கக்கூடியவர்கள் வெளியே இருக்கும் நாம்தான். நெய்வேலியின் சங்கங்கள் பதவி உயர்வுக்காகவும் நிரந்தரத்துக்காகவும் தீர்மானங்கள் நிறைவேற்றிப் பழகியவை. தங்களோடு ஒரே சுரங்கத்தில் வேலை பார்க்கும் முன்னாள் படைவீரர்களைக் கலந்துகொண்டு, தாமதம் நிர்வாகத்துடையதாகும்போது ஆறு மாதக் கெடு செல்லாது என்று 22ஆம் பிரிவைத் திருத்தக் கோரும் தீர்மானம் ஒன்றையும் நிறைவேற்றி, கடலூர்த் தொகுதியின் பாராளுமன்ற உறுப்பினர் கையில் அவர்கள் கொடுக்கவேண்டும்.