பிடிக்க வேண்டிய இடம்

வாகை மரத்தின் இலைகளெல்லாம் உதிர்ந்து, முற்றி வெளுத்த நெற்றுகள் மட்டும் கிளைதோறும் தட்டையாகத் தொங்கிக்கொண்டிருக்கும் பருவத்தில், எங்கிருந்தோ ஒரு சிறு காற்றுப் புறப்பட்டு வந்தால் போதும், மரம் முழுவதும் கலகலவென்று ஒலிக்கத் தொடங்கிவிடும். நெற்றின் மெல்லிய தோலுக்குள்ளே உலர்ந்து கழன்ற விதைகள் எழுப்பும் ஒலி அது. குறுந்தொகையின் ஏழாம் பாட்டிலே, பாலை வழியில் நடந்து செல்லும் இளங்காதலர்களைக் காண்பவர்களின் காதில் விழுவது இந்த ஒலிதான். கயிற்றின்மேல் ஆடும் கூத்தருக்காகக் கொட்டப்படும் பறையை அது அந்தப் புலவருக்கு நினைவூட்டிற்று. அகநானூற்றிலே கபிலரோ, வண்டு துளைத்த மூங்கிலின் துவாரங்களில் கோடைக் காற்றுப் புகுந்து குழலூத, அருவி முழவாக, மந்திக் கூட்டம் சபையோராக அமர்ந்து வியந்து நோக்க, மயில் ஆடுவதாக ஒரு முழுக் கச்சேரியையே மலைச்சாரலில் அமைத்துக் காட்டினார். மனிதன் கைவைப்பதற்கு எத்தனையோ யுகங்களுக்கு முன்பே காற்றுக்குத் தன் வாத்தியங்கள் இருந்தன என்பது இவ்விரு கவிகளுக்கும் பிரத்தியட்சமாகத் தெரிந்த விஷயம். அப்படியிருக்க, மூங்கில் துண்டுகளையும் கூழாங்கற்களையும் பழைய இரும்பையும் பொறுக்கி வந்து, துளையிட்டு, நூலில் கோத்து, தாழ்வாரத்தில் கட்டித் தொங்கவிடுகிற என் போன்றவன் புதிதாகச் செய்வதுதான் என்ன? நிலத்தில் விழுந்து ஊமையாகிவிட்டவற்றைக் காற்றின் கைக்கு எட்டும் உயரத்தில் மறுபடியும் நிறுத்துவது, அவ்வளவே. ஆனால் அந்த அவ்வளவுக்குள் நான் வேறெங்கும் கற்றுக்கொள்ளாத ஒன்று இருந்தது.

நான் வசிப்பது செங்கோட்டைக் கணவாய்க்குக் கிழக்கே. ஆனியில் தொடங்கி ஆவணி வரை, மேற்குத் தொடர்ச்சி மலையின் அந்த இடைவெளி வழியே தென்மேற்குப் பருவக்காற்று இறங்கிவந்து, குற்றாலத்துச் சாரலையும் சுமந்துகொண்டு, எங்கள் வீடுகளின் கதவுகளைத் தட்டிக்கொண்டேயிருக்கும். இவ்வூரில் காற்று என்பது வந்துபோகிற விருந்தினரல்லர். மூன்று மாதம் குடியிருக்கிற உறவினர். அவருக்கு ஏதேனும் வேலை கொடுக்கவேண்டும் என்று எனக்குத் தோன்றியதில் ஆச்சரியம் இல்லை.

பொறுக்குவதற்குக் குறைவில்லாத தேசம் இது. சரக்கொன்றையின் நீண்ட கரிய காய், கொட்டாங்குச்சி, சிற்றாற்றின் வண்டலில் தட்டையாய்க் கிடக்கும் கருங்கல் சில்லு, இடித்துப் போட்ட வீட்டின் சீமையோடு, சைக்கிள் மணியின் மூடி, மாட்டு லாடம், பூட்டை இழந்த சாவி, எதற்கோ வெட்டி மிச்சமான செப்புக் குழாய் என்று வழியெல்லாம் கிடக்கின்றன. இவற்றில் எதை எடுப்பது என்பதற்கு நம் வீட்டுப் பெண்கள் ஆதிகாலந்தொட்டு ஒரு பரீட்சை வைத்திருக்கிறார்கள். சந்தையில் மண்பானை வாங்கும்போது அதைக் காதருகே தூக்கி, விரல் மடக்கித் தட்டிப் பார்ப்பார்கள். நன்றாக வெந்த பானை கணீரென்று பேசும், கண்ணுக்குப் புலப்படாத கீறல் விழுந்த பானை மந்தமாக முனகும். கீறலின் இரு விளிம்புகளும் ஒன்றோடொன்று உரசி, அதிர்வைத் தோன்றிய இடத்திலேயே தின்றுவிடுவதுதான் காரணம். ஓட்டுத் துண்டுக்கும் கருங்கல்லுக்கும் கண்ணாடிக்கும் இதே விதிதான். பார்வைக்கு அழகற்ற ஒரு சில்லு தட்டியவுடன் மணியாக ஒலிப்பதும், வெகு லட்சணமான வேறொன்று வாய்திறக்க மறுப்பதும் எத்தனை முறை கண்டாலும் எனக்கு அலுப்பதில்லை.

ஒன்றை மட்டும் இங்கே அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். கிடக்கிறது என்பதனாலேயே ஒரு பொருள் கைவிடப்பட்டதாகிவிடாது. மணப்பாட்டுக் கடற்கரையில் வெறுமையாய்க் கிடக்கும் சங்கு, அதைச் செய்த உயிருக்கு வேண்டாததாகிவிட்டாலும், பிறர் விட்டுப்போன ஓட்டுக்குள் குடிபுகுந்து வாழும் நண்டுக்கு நாளைய வீடு. உடல் வளர வளர அது மேலும் பெரிய ஓட்டைத் தேடி அலைந்தே தீரவேண்டும். சங்கு, சோழி, சிப்பி வகைகளில் சில 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குள் 2001-இல் கொண்டுவரப்பட்டுவிட்டன என்பதையும், கடைகளில் அழகழகாய்த் தொங்கும் சிப்பிச் சரங்களில் பல, உயிரோடு பிடிக்கப்பட்ட பிராணிகளின் ஓடுகளே என்பதையும் அறிந்த பிறகு, அந்த ஒலியில் மனம் லயிக்க எனக்கு இயலவில்லை. மரத்திலிருந்து தானே உதிர்ந்தது, நதி தானே ஒதுக்கியது, மனிதன் எறிந்தது ஆகிய இவை போதும். மூங்கிலை மட்டும் நான் விலை கொடுத்தே வாங்குகிறேன். கூடை முடைகிறவர்கள் அமாவாசையை ஒட்டி வெட்டிய மூங்கில் உளுக்காது என்பார்கள். திதியின் மகிமை எப்படியோ, உளுவண்டு நாடி வருவது மூங்கிலில் உள்ள மாவுச்சத்தை என்பதனால், சில வாரங்கள் ஓடும் நீரில் ஊறப்போட்டால் அது கரைந்து வெளியேறிவிடுகிறது என்பது நிச்சயம்.

இனி நான் சொல்ல வந்த விஷயத்துக்கு வருகிறேன்.

அரை மீட்டர் நீளமுள்ள ஒரு செப்புக் குழாயை உள்ளங்கையில் இறுகப் பற்றிக்கொண்டு கரண்டியால் தட்டினால், டப்பென்ற ஒரு சத்தத்துக்கு மேல் ஒன்றும் வராது. அதையே தரையில் கிடத்தித் தட்டினாலும் ஏறக்குறைய அதே கதிதான். ஆனால் நுனியிலிருந்து சிறிது கீழே, ஒரு குறிப்பிட்ட இடத்தில், இரண்டே விரல்களால் தொட்டாற்போல் பிடித்துத் தொங்கவிட்டுத் தட்டும்போது, அதே குழாய், அதுகாறும் எங்கே ஒளித்துவைத்திருந்தது என்று திகைக்கும்படியான ஒரு நீண்ட நாதத்தை வெளியிட்டு, அது தேய்ந்து மறையும்வரை நம்மைக் காத்திருக்கச் செய்கிறது. அந்த இடம் மாயம் ஒன்றுமில்லை. சீரான எந்தக் கம்பியும் குழாயும் தட்டப்படும்போது நடுவிலும் இரு முனைகளிலும் பெரிதாக அசைகிறது. அந்த அசைவுக்கு நடுவே இரண்டே இடங்கள் அசையாமல் நிற்கின்றன. ஒவ்வொரு முனையிலிருந்தும் மொத்த நீளத்தில் 22.4 சதவீதத் தூரத்தில் அவை அமைகின்றன. 60 சென்டிமீட்டர் குழாயானால் முனையிலிருந்து 13.4 சென்டிமீட்டரில். அங்கே துளையிட்டு நூலைச் செலுத்தினால், நூலுக்கும் குழாயின் அதிர்வுக்கும் வழக்கே இல்லை. வேறெங்கே கட்டினாலும், நூல் அந்த அதிர்வைக் குடித்துக்கொண்டேயிருக்கும்.

மூங்கிலில் இது இவ்வளவு எளிதன்று. அடிப்பக்கம் தடித்து, நுனிப்பக்கம் மெலிந்து, நடுவே கணுக்கள் இடைபட, அசையாத இடம் கணக்குக்கு அடங்காமல் சற்று நகர்ந்துவிடும். அதைத் தேடித்தான் கண்டுபிடிக்கவேண்டும். தட்டையான பலகையானால் அதற்கு ஓர் அழகிய உபாயம் இருக்கிறது. மெல்லிய பஞ்சின்மேல் கிடத்தி, நுண்மணலைத் தூவி, மெதுவாகத் தட்டிக்கொண்டே வந்தால், மணல் துள்ளித் துள்ளி நகர்ந்து, எங்கே சலனமில்லையோ அங்கே வந்து கோடாகப் படியும். ஜெர்மனியின் கிளாட்னி என்ற அறிஞர் தகடுகளில் இவ்விதம் மணல் வரைந்த கோலங்களை 1787-இல் ஒரு நூலாகவே வெளியிட்டார்.

பற்றைப் பற்றி நம் நாட்டில் பேசப்பட்டதுபோல் வேறெதுவும் பேசப்பட்டிருக்குமா என்பது சந்தேகம். விட்டுவிடு என்கிற ஞானிகளின் உபதேசத்துக்கும், விட்டுவிடாதே என்கிற குடும்பத்துப் பெரியவர்களின் உபதேசத்துக்கும் இடையிலே சாதாரண மனிதன் காலங்காலமாக அல்லாடிக்கொண்டிருக்கிறான். இறுகப் பிடித்த குழாயும் ஊமை, தரையில் விடப்பட்ட குழாயும் ஊமை என்று என் கையிலேயே கண்டபோது, எவ்வளவு பிடிப்பது என்ற கேள்வியையே வாழ்நாளெல்லாம் கேட்டுக்கொண்டிருந்த எனக்கு, எங்கே பிடிப்பது என்று ஒரு கேள்வி இருக்கக்கூடும் என்பது முதன்முதலாகப் புலப்பட்டது. என் பெரியம்மா நினைவுக்கு வந்தார். அவர் பொறுப்பில் வளர்ந்த பிள்ளைகள் பலர். தம் வயிற்றில் பிறந்தவர், நாத்தனார் பிள்ளைகள், தாயை இழந்து வந்து சேர்ந்தவர் என்று பலதரப்பட்டவர். யார் எங்கே சுற்றினான், யாரோடு பழகினான், எந்தப் படிப்பை எடுத்தான் என்று அவர் துருவிக் கேட்டு நான் அறியேன். இரவுச் சோற்றுக்கு மட்டும் எல்லாரும் ஒன்றாக உட்காரவேண்டும் என்பது ஒன்றே அவர் விதித்த நியதி. அதில் அணுவளவும் தளரமாட்டார். சண்டையிட்டுக்கொண்டு வந்தவனும், பரீட்சையில் தோற்று வந்தவனும் அந்தப் பந்தியில் தன் இலைக்கு முன் உட்கார்ந்தே ஆகவேண்டும். ஒருவன் பாட்டுக்காரனானான், ஒருவன் லாரி ஓட்டினான், ஒருத்தி வக்கீலானாள். ஒருவர் சாயல் மற்றவரிடம் இல்லாதபடி அவரவர் குரல் அவரவர்க்கு வாய்த்தது. ஆயினும் பெரியம்மாவின் கையை உதறிப் போனவர் எவரும் இல்லை. எத்தனை ஆட்டத்திலும் ஒரு பிள்ளையிடம் அசையாமல் நிற்கும் இடம் எது என்பது அந்த அம்மையாருக்கு எந்த மணலும் தூவாமலே தெரிந்திருந்தது. எல்லாருக்கும் அது தெரிவதில்லை. கணுக்கள் நிறைந்த மூங்கிலில்போல், தட்டிக் கேட்டுக் கேட்டுத்தான் தேடவேண்டியிருக்கிறது.

இந்த விதிக்குக் கட்டுப்படாத ஒன்றையும் சொல்லிவிடவேண்டும். நம் கிராமத்துப் பள்ளிக்கூடங்களில் வேப்பமரக் கிளையில் தொங்கும் தண்டவாளத் துண்டை அறியாதவர் இல்லை. அதைத் தொங்கவிடும் கம்பி, பெரும்பாலும் அதன் முனையில் ரெயில்வேக்காரர்கள் இட்ட துளையிலேயே மாட்டப்பட்டிருக்கும்; கணக்குப்படி அது முனையாதலால் கூடாத இடம். ஆயினும் ஊர்க்கோடி வரை கேட்கும்படி அது ஒலிக்கிறது. அந்தப் பாரமான எஃகின் அதிர்வை அடக்கும் சக்தி அந்த மெல்லிய கம்பிக்கு இல்லை என்பதே காரணம். எங்கே பிடித்தாலும் தம் குரலை இழக்காத மனிதர்கள் சிலர் உண்டு. அவர்களை உதாரணமாகக் கொண்டு மற்றவரை நடத்தலாகாது. மூங்கிலுக்கும் ஓட்டுச் சில்லுக்கும் பிடிக்கும் இடமே உயிர்.

கடையில் விற்கும் காற்றுமணிகளில் பலவும் ஐந்து சுரங்களுக்குள், நம் மோகன ராகத்தின் சுரங்களுக்குள், அடங்குமாறு அறுக்கப்பட்டவை. அவற்றில் எந்த இரண்டு சேர்ந்து ஒலித்தாலும் முரண்படாது. குழாயை அரைவாசியாக அறுத்தால் சுருதி இரண்டு ஸ்தாயி ஏறிவிடும். ஒரே ஸ்தாயி ஏறவேண்டுமானால் நீளத்தில் நூற்றுக்கு எழுபத்தொன்று அளவு நிறுத்தவேண்டும். செம்பிலும் மூங்கிலிலும் நானும் இதைச் செய்ததுண்டு. ஆனால் ஆற்றுக் கல்லையும் லாடத்தையும் நான் அறுப்பதில்லை. அவற்றின் சுருதி அவற்றோடு வந்தது. அவற்றை மாற்றுவதற்குப் பதிலாக, எதன் பக்கத்தில் எதைக் கட்டினால் காதுக்கு இதமாயிருக்கும் என்று நாள்கணக்கில் இடம்மாற்றிப் பார்ப்பதையே விரும்புகிறேன். லாடத்துக்கு அருகே செப்பு சகிக்கவில்லை. நடுவே கொட்டாங்குச்சி ஒன்று வந்து தொங்கியவுடன் இரண்டுக்கும் இணக்கம் பிறந்துவிட்டது.

சீனத்து லோயாங் நகரில் 516-இல் எழுப்பப்பட்ட யோங்நிங் மடத்துக் கோபுரத்தின் இறவாரங்களிலெல்லாம் பொன்மணிகள் கட்டப்பட்டிருந்தனவென்றும், இரவில் காற்று எழுந்தால் அவற்றின் ஒலி பத்து லீ தூரத்துக்கு அப்பாலும் கேட்டதென்றும், அந்நகரைப் பற்றி எழுதிய யாங் சுவான்ஜி குறித்துவைத்தார். அந்தக் கோபுரத்தின் முன் நின்று, அதன் அழகையும் மணியோசையையும் கண்டு கேட்டு உருகி, கைகூப்பியபடி நாள்கணக்கில் நாமம் ஜபித்துக்கொண்டிருந்த ஒரு முதிய துறவியையும் அவர் குறிப்பிடுகிறார். அவர் பெயர் போதிதர்மர். காஞ்சியிலிருந்து சென்றவர் என்று நம்மவர் கொண்டாடும் போதிதர்மரைப் பற்றி இன்று கிடைக்கும் மிகப் பழைய குறிப்பு இதுதான். அது அவரைப் பாரசீகத்தார் என்று சொல்கிறது. பிற்காலத்தார் துறவின் சிகரமாகக் கொண்ட ஒருவரை, முதன்முதலாகச் சரித்திரம் நமக்குக் காட்டும்போது, காற்றசைத்த மணிகளின் ஓசையில் தம்மை மறந்து நிற்பவராகக் காட்டுகிறது என்பதை நான் அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன். 534-இல் அந்தக் கோபுரம் தீக்கிரையாயிற்று. நம் ஆலயங்களின் கொடிமரத்து உச்சியில் தொங்கும் சிறு மணிகளும் அந்த ஜாதியைச் சேர்ந்தவையே. பூஜை மணிபோல் அவற்றை அடிப்பதற்கென்று ஆள் இல்லை.

ஆனால் கோபுரத்து மணி ஊருக்குப் பொது. என் தாழ்வாரத்து மணி என் ஒருவனுடைய இஷ்டம். அதன் ஒலியோ வேலியில் நிற்காமல் அடுத்த வீட்டுக்குள் போகிறது. எனக்கு இனிக்கிறது என்பதனால் பிறர் செவியில் அதைப் புகுத்த எனக்கு உரிமை உண்டா? வானொலியை உரக்க வைப்பவனை நொந்துகொள்கிற நான், இயற்கையின் சங்கீதம் என்று பெயர் சூட்டி இதை நியாயப்படுத்திவிட முடியாது. ஆடி மாதத்து இரவுக் காற்று வேகம் பிடித்தால் இந்தக் கோவை இசைப்பதை விட்டு இரைச்சலிடத் தொடங்கிவிடும். பக்கத்து வீட்டு ஆச்சிக்கு உறக்கம் அருமை. அதிலும் மூட்டுவலி கண்ட நாட்களில் விடியும்வரை புரண்டுகொண்டிருப்பார். ஆகவே இரவு எட்டு மணியானதும் மணியின் நாக்கை நூலால் இழுத்துத் தூணில் கட்டிவிடுவது என் வழக்கமாயிற்று. காலையில் பூப்பறிக்க வரும்போது ஆச்சியே அதை அவிழ்த்துவிடுகிறார். உடம்பு சரியில்லாத நாட்களில் அவிழ்க்காமலே போய்விடுவார்; அன்று பகல் முழுவதும் நானும் அதைத் தொடுவதில்லை.