ஆளில்லாக் கடையில் விற்பவர் யார்?

சிங்கப்பூரின் வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) அடுக்குமாடிகளில் கீழ்த்தளத்தைப் பெரும்பாலும் வீடுகளாக்காமல் திறந்தே விட்டிருப்பார்கள். தூண்கள், கல் மேசைகள், காற்று. ஒரு வார இறுதியில் மலாய்க் குடும்பத்தின் திருமண விருந்து நடக்கும் அதே தரையில், அடுத்த வாரம் சீனக் குடும்பம் ஒன்று தன் முதியவரின் உடலை வைத்து இரவெல்லாம் விழித்திருக்கும். அந்தப் பொதுத்தரையின் ஓரத்தில்தான் மாமா கடையும் இருந்தது. தமிழ் முஸ்லிம்கள் பலர் நடத்திய சிறு கடை. மிட்டாய், ரொட்டி, நாளிதழ், சிகரெட், அவசரத்துக்கு ஒரு தலைவலி மாத்திரை. கடைக்காரரை எல்லா இனத்துப் பிள்ளைகளும் மாமா என்று கூப்பிட, கடைக்கும் அதுவே பெயராயிற்று.

அந்தக் கடைகள் இன்னும் சில இருக்கின்றன. ஆனால் கீழ்த்தளங்களில் இன்று கண்ணில் முதலில் படுவது விற்பனை இயந்திரங்களின் வெளிச்சம். குளிர்பானம், தண்ணீர் போத்தல், கண்ணாடிக்குப் பின்னே பழத்தை வெட்டிப் பிழிந்து தரும் ஆரஞ்சுச் சாறு. 2016-இல் செங்காங் வட்டாரத்தில் ஒரு வீவக புளோக்கின் கீழே, சூடான சாப்பாட்டை இயந்திரங்களே தரும் ஆளில்லா உணவகம் ஒன்று திறந்தது. இரவு வேலை முடித்து வரும் தாதிக்கும் காவலாளிக்கும் அது பெரிய வசதி. அதை மறுப்பதற்கில்லை. விடிகாலை மூன்று மணிக்குப் பெரும்பாலான மாமாக்கள் கடை திறந்து வைத்திருந்ததில்லை.

ஆனாலும், விற்பவர் இருந்த இடத்தில் இப்போது யார் இருக்கிறார் என்ற கேள்வி எழத்தான் செய்கிறது. இது பொருளாதாரக் கேள்வியாக மட்டும் நின்றுவிடுவதில்லை. மதங்களும் தத்துவமும் இதை வெகுகாலமாகவே கேட்டு வந்திருக்கின்றன. சொல்லப்போனால், காசு போட்டால் பொருள் தரும் கருவியைப் பற்றி நமக்குக் கிடைக்கும் மிகப் பழைய குறிப்பே கோயிலைச் சேர்ந்தது. கி.பி. முதல் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவில் வாழ்ந்த ஹீரோன் தன் 'நியூமாட்டிகா' நூலில் அதை விவரிக்கிறார். ஐந்து திராக்மா நாணயத்தைத் துளையில் போட்டால் அது உள்ளே ஒரு தட்டில் விழும். அதன் எடையில் நெம்புகோல் சாய்ந்து அடைப்பைத் தூக்கும்; சடங்குக்கான நீர் கொஞ்சம் வழியும். நாணயம் தட்டிலிருந்து சரிந்ததும் நெம்புகோல் பழைய நிலைக்கு வர, நீர் நிற்கும். புனித நீரை அளந்து கொடுக்க அங்கே பூசாரியின் கை வேண்டியிருக்கவில்லை.

மாமா கடைக்காரர் பின்பற்றிய மார்க்கத்தின் சட்ட நூல்களில் இதற்கு நெருக்கமான ஒரு விவாதம் இருக்கிறது. வாணிகம் இரு தரப்பின் மனமொப்புதலில் நடக்க வேண்டும் என்பது குர்ஆனின் நான்காம் அத்தியாயம் சொல்லும் நிபந்தனை. மனமொப்புதலோ நெஞ்சுக்குள் இருப்பது. வெளியே தெரிவது எப்படி? 'விற்றேன்', 'வாங்கிக்கொண்டேன்' என்று இருவரும் வாயால் சொல்ல வேண்டும் என்றார்கள் ஷாஃபிஈ சட்டப்பள்ளியின் பழைய அறிஞர்கள். ஒருவர் காசை வைக்க, மற்றவர் பேசாமல் பொருளை எடுத்துக் கொடுப்பது அவர்கள் கண்ணில் முறையான விற்பனை ஆகவில்லை. ஹனஃபி, மாலிக்கி பள்ளிகள் அதை ஏற்றன. 13-ஆம் நூற்றாண்டில் டமாஸ்கஸில் வாழ்ந்த இமாம் நவவி, ஷாஃபிஈ பள்ளியின் மாபெரும் அறிஞராக இருந்தும், மக்கள் வழக்கத்தில் எது விற்பனையோ அது விற்பனையே என்ற பக்கம் நின்றார். விற்பனை இயந்திரத்தில் வாங்கிக் குடிப்பதை இன்று பெரும்பாலோர் தயக்கமின்றி ஏற்பதற்கு அப்படிப்பட்ட முடிவுகள் வழிவிட்டன. அந்தப் பழைய ஷாஃபிஈ அறிஞர்களின் பிடிவாதத்தைச் சடங்குப் பற்று என்று ஒதுக்கிவிடுவது நியாயமில்லை. இரண்டு மனிதர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து ஒப்புக்கொள்வதில் ஏதோ இருக்கிறது என்று அவர்கள் கருதினார்கள். அந்த 'ஏதோ' என்னவென்று கேட்பதுதான் இங்கே வேலை.

நேர்மை என்று உடனே பதில் சொல்லத் தோன்றும். ஆனால் நேர்மையில் இயந்திரத்தை மிஞ்ச முடியாது. இம்மானுவேல் கான்ட் 1785-இல் எழுதிய அறவியல் நூலில் ஒரு கடைக்காரர் வருகிறார். விவரம் தெரியாதவரிடம் அவர் கூடுதல் விலை வாங்குவதில்லை. எல்லோருக்கும் ஒரே விலை. சிறு பிள்ளையும் பெரியவரைப் போலவே ஏமாறாமல் வாங்கிப் போகலாம். இவர் நேர்மையாளரா? நடத்தை நேர்மையானதுதான் என்கிறார் கான்ட். ஆனால் பெயர் கெட்டால் வியாபாரம் படுத்துவிடும் என்ற கணக்கில் அவர் அப்படி நடந்திருந்தால், அந்தச் செயலுக்கு அற மதிப்பு என்று தனியாக எதுவும் இல்லை. கடமை என்று உணர்ந்து செய்ததற்கே அந்த மதிப்பு.

கான்ட்டின் கடைக்காரர் செய்ததை இயந்திரம் இன்னும் சுத்தமாகச் செய்கிறது. தோல் நிறம் பார்க்காது. பங்களாதேஷிலிருந்து வந்த கட்டுமானத் தொழிலாளிக்கு ஒரு விலை, கார் வைத்திருப்பவருக்கு ஒரு விலை என்று சொல்லாது. மாதவிடாய் நாப்கின் வாங்க வரும் பெண் பிள்ளையை ஏற இறங்கப் பார்க்காது. மனிதக் கடைக்காரர்கள் எல்லோரும் இப்படி இருந்தார்கள் என்று யாரும் சத்தியம் செய்ய முடியாது. கடைக்காரரின் பார்வைக்கு அஞ்சி வாங்காமல் திரும்பியவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. அவர்களுக்கு இயந்திரத்தின் மௌனம் உண்மையான விடுதலை. இருந்தாலும் அது ஏமாற்றாததற்குக் காரணம், ஏமாற்ற நினைக்க அதனால் முடியாது என்பதே. தவறுக்கு வாய்ப்பிருந்தும் தவறாதவரைத்தான் நாம் நம்புகிறோம், மதிக்கிறோம். பட்டினப்பாலை காவிரிப்பூம்பட்டினத்து வணிகர்களைப் புகழும்போது, வாங்குவதை மிகையாகவும் வாங்கார், கொடுப்பதைக் குறைத்தும் கொடார் என்ற பொருளில் சொல்கிறது. தராசு அவர்கள் கையில் இருந்ததால்தான் அது புகழாகிறது.

பொறுப்பு என்று வரும்போது கேள்வி இன்னும் கூர்மையாகிறது. 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லண்டன் ஃப்ளீட் தெருவில் ரிச்சர்ட் கார்லைல் என்ற பதிப்பாளர் கடை வைத்திருந்தார். கிறிஸ்தவ வேதத்தை விமர்சித்து தாமஸ் பெயின் எழுதிய 'பகுத்தறிவின் காலம்' நூலை வெளியிட்டதற்காக 1819-இல் அவர் தெய்வநிந்தனைக் குற்றவாளி ஆனார். டோர்செஸ்டர் சிறையில் ஆறு ஆண்டு கழித்தார். கடையை மனைவி ஜேன் நடத்தினார். அவரும் சிறை சென்றார். பிறகு கார்லைலின் சகோதரி மேரி ஆன். அவருக்கும் அதே கதி. அடுத்தடுத்து நின்ற பணியாளர்களும் ஒவ்வொருவராகப் பிடிபட்டார்கள். உளவாளி ஒருவர் வாடிக்கையாளர் போல வந்து புத்தகம் வாங்குவார். விற்றவர் யார் என்று நீதிமன்றத்தில் அடையாளம் காட்டுவார்.

எனவே 1822-இல் விற்பவரையே இல்லாமல் ஆக்க முடிவு செய்தார்கள். கடையில் ஒரு முள்வட்டு வைக்கப்பட்டது. அதில் புத்தகங்களின் பெயர்கள். வேண்டிய பெயருக்கு முள்ளைத் திருப்பிப் பணம் போட்டால் புத்தகம் கீழே விழும். முகமில்லை, குரலில்லை, சாட்சி சொல்ல ஆளில்லை. நீதிமன்றம் அதில் ஏமாறவில்லை. கடைப் பணியாளர் ஒருவருக்குத் தண்டனை கிடைத்தது.

கருத்துச் சுதந்திரத்துக்காக இவ்வளவு துன்பம் சுமந்த அந்தக் குடும்பத்தின் பக்கம்தான் நியாயம் இருந்தது. அந்தச் சட்டம் கொடியது. ஆனால் அந்தத் தீர்ப்புக்குள் இருக்கும் ஒரு முடிவு சட்டத்தைவிட நெடுநாள் வாழக்கூடியது. பெட்டி விற்றது என்று சொல்லி எவரும் ஒதுங்க முடியாது. பெட்டியை அங்கே வைத்தவர், நிரப்பியவர், அதில் விழுந்த காசை எடுத்தவர் ஆகியோர் விற்பவர்களே.

யூத மரபு இதே இடத்துக்கு வேறு பாதையில் வந்து சேர்ந்தது. யூதர்களின் பழைய சட்டத் தொகுப்பான மிஷ்னாவின் சப்பாத் பகுதியில் ஷம்மாய், ஹில்லேல் என்ற இரு குருமார்களின் பள்ளிகள் வாதிடுகின்றன. சப்பாத் என்ற ஓய்வுநாள் வெள்ளிக்கிழமை மாலை தொடங்குகிறது. அதற்கு முன்பே விரித்த வலையில் ஓய்வுநாளில் மீன் விழலாமா? பொழுது சாய்வதற்குள் பிடிபட வாய்ப்பிருந்தால் மட்டுமே வலையை விரிக்கலாம் என்றது ஷம்மாய் பள்ளி. மனிதர் ஓய்ந்திருந்தால் போதும், பகலிருக்கும்போதே விரித்த வலை தன்பாட்டில் கிடக்கட்டும் என்றது ஹில்லேல் பள்ளி. வழக்கில் நிலைத்தது ஹில்லேலின் முடிவு.

அப்படியானால் விற்பனை இயந்திரத்தை ஓய்வுநாளிலும் ஓட விடலாம் என்றுதானே ஆகும்? அவ்வளவு எளிதில் முடியவில்லை. ஓய்வுநாளில் வரும் லாபத்தை உரிமையாளர் எடுத்துக்கொள்ளலாமா என்று நவீன ரபிமார்கள் (யூத மதகுருமார்) கேட்டார்கள். வாங்க வருபவரும் யூதராக இருந்தால் அவரைத் தவறுக்கு இழுத்தவர் யார் என்றும் கேட்டார்கள். குருடன் முன் தடைக்கல் வைக்காதே என்ற லேவியராகமக் கட்டளை இங்கே வந்து நிற்கிறது. கல் தானாகவா வந்தது? வைத்தவர் அந்த நேரத்தில் உறங்கினாலும் கல் அவருடையதே.

இஸ்ரேலின் அடுக்குமாடிகளில் இந்த வாதம் லிஃப்ட்டைச் சுற்றியும் நடந்தது. பொத்தானை அழுத்தாமலே ஒவ்வொரு மாடியிலும் தானாக நின்று செல்லும் சப்பாத் லிஃப்ட்டுக்கு 2001-இல் சட்டமே வந்தது. 2009-இல் ரபி எல்யாஷிவ் உள்ளிட்ட மூத்த ரபிமார் சிலர் அதையும் பயன்படுத்தக் கூடாது என்றார்கள். வெளியிலிருந்து பார்க்கிறவருக்கு நுணுக்கம் அதிகமாகத் தெரியலாம். ஆனால் 'அது தானாக நடக்கிறது' என்ற சொல்லை மன்னிப்பாக ஏற்க மறுத்து, பொத்தானுக்குப் பின்னால் இருக்கும் மனிதரைத் தேடிக்கொண்டே இருக்கும் அந்த விடாப்பிடியில் பெரிய அறத்தெளிவு இருக்கிறது.

விற்பவரின் வேலையில் இயந்திரத்தால் செய்யவே முடியாதவை இரண்டு. ஒன்று, விற்க மறுப்பது. 2003-இல் உலக நாடுகள் ஏற்ற புகையிலைக் கட்டுப்பாட்டு உடன்படிக்கையின் 16-ஆம் பிரிவு, சிகரெட் இயந்திரங்கள் சிறுவர் கைக்கு எட்டாதபடி செய்யச் சொல்கிறது. ஜப்பான் 2008-இல் வயதைச் சரிபார்க்கும் அட்டையைக் கொண்டுவந்தது. இயந்திரம் அட்டையைப் பார்க்கும்; பிள்ளையைப் பார்க்காது. அப்பாவின் அட்டையோடு வந்த மகனை அதற்குத் தெரியாது. அதே மாடியில் குடியிருக்கும் பையனின் வயதும் வீட்டு நிலவரமும் அறிந்த கடைக்காரர் 'உங்க அப்பாவை வரச் சொல்லு' என்று அனுப்பியதை எந்தச் சட்டமும் முழுதாக ஈடு செய்ததில்லை. சிங்கப்பூரில் இன்று 21 வயதுக்குக் கீழானவர்க்குச் சிகரெட் விற்பது குற்றம். அந்தச் சட்டத்தைக் கடையில் நின்று காப்பதும் விற்பவரின் கண்தான்.

மற்றொன்று, காசில்லாதபோதும் கொடுப்பது. சிங்கப்பூர், மலேசியாவில் பழைய தலைமுறைக்கு '555' என்று அட்டையில் அச்சிட்ட சின்ன நோட்டுப்புத்தகம் நன்றாகத் தெரியும். மளிகைக் கடைக் கடன் அதில்தான் ஏறும். அரிசி, மண்ணெண்ணெய், பால் மாவு; சம்பள நாளில் கோடு போட்டு அடிப்பார்கள். சிலரின் பக்கம் அடிபடாமலே பல மாதம் கிடக்கும். வட்டி கிடையாது, கையெழுத்து கிடையாது. 'அண்ணே, இந்த மாசம் முடியல' என்ற ஒரு வார்த்தைக்குக் காது கொடுக்க ஆள் இருந்தார். அந்த ஏற்பாட்டில் அவமானமும் இருந்தது, சில கடைகளில் சுரண்டலும் இருந்தது. ஆனால் பால் மாவு இல்லாத வீட்டுக்கு அன்றிரவே பால் மாவு போய்ச் சேர்ந்தது. இயந்திரத்தின் முன்னால் 50 காசு குறைவாக நிற்கும் குழந்தைக்கு அப்படி ஒரு வழி கிடையாது.

2024 ஜனவரி 1 அன்று ஜப்பானின் நோட்டோ தீபகற்பத்தைப் பெரும் நிலநடுக்கம் உலுக்கியது. அனாமிசு என்ற ஊரில் மக்கள் தஞ்சம் புகுந்திருந்த பள்ளி ஒன்றில் பான இயந்திரத்தைச் சிலர் உடைத்துத் திறந்து, உள்ளே இருந்ததை எல்லோருக்கும் பகிர்ந்தார்கள். முதலில் வந்த செய்திகள் அதைத் திருட்டு என்றன. தவித்தவர்களுக்காகச் செய்யப்பட்டது என்ற விளக்கம் பிறகுதான் வந்தது. நாடெங்கும் வாதம் எழுந்தது. அந்த இரவில் அங்கே ஒரு கடைக்காரர் இருந்திருந்தால் கதவைத் தாமே திறந்திருப்பார், அல்லது திறக்க மறுத்திருப்பார்; எப்படியானாலும் அவரிடம் கேட்டிருக்கலாம்.

பேரிடர் நேரத்தில் பானங்களை இலவசமாக விடுவிக்கும் இயந்திரங்கள் ஜப்பானில் பல ஆண்டுகளாகவே உண்டு. அவையும் தாமாக இரக்கப்படுவதில்லை. பெரும்பாலும் தொலைவிலிருந்து நிறுவனம் சமிக்ஞை அனுப்ப வேண்டும், அல்லது சாவி வைத்திருப்பவர் வந்து திறக்க வேண்டும். சென்னையிலோ சிங்கப்பூரிலோ ஒரு குடியிருப்புச் சங்கம் கீழ்த்தளத்தில் இயந்திரம் வைக்கப் பேசும்போது, வாடகை எவ்வளவு, மின்கட்டணம் யாருடையது என்பதோடு இதையும் ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்ளலாம்: ஒரு சாவி அந்தக் கட்டடத்திலேயே வசிக்கும் ஒருவரிடம் இருக்கும், அவர் பெயரும் வீட்டு எண்ணும் இயந்திரத்தின் மேல் பெரிய எழுத்தில் ஒட்டப்பட்டிருக்கும், வெள்ளம் வந்தால், மின்தூக்கி நின்று முதியவர்கள் மாடியில் சிக்கினால், அல்லது ஒரு குழந்தை காசைப் போட்டும் பொருள் விழாமல் நின்றால், யாரிடமும் அனுமதி கேட்காமல் அவர் அதைத் திறக்கலாம்.