கல் கழிவு போக

“பண்ணிடலாமா சார்?”

அந்த டாக்டர் பெண் ஐந்து நாளில் இதை என்னிடம் ஏழெட்டுத் தடவை கேட்டிருப்பார். கிட் போட்டுப் பார்த்திடலாமா, ரத்தம் எடுத்திடலாமா, நாளைக்கும் ட்ரிப் ஏத்திடலாமா. கேட்பார், தொகையைச் சொல்வார், அப்புறம் என் முகத்தைப் பார்க்காமல் மேசையில் கிடக்கும் மணியைப் பார்த்துக்கொண்டிருப்பார். அந்த நாகரிகத்துக்கு நான் கடன்பட்டிருக்கிறேன். அந்த நேரத்தில் என் முகத்தில் ஓடிக்கொண்டிருந்தது கூட்டல் கணக்கு.

மணி எங்கள் நாய்க்குட்டி. ஐப்பசி மழைக்குத் திண்ணை ஓரம் வந்து ஒதுங்கி, அப்படியே தங்கிவிட்டது. 61 வயது வரை நான் நாய் வளர்த்தவனில்லை. திருவாரூர் பக்கம் வளர்ந்தவனுக்கு மாடு தெரியும், கன்று தெரியும். நாய் என்றால் அது பாட்டுக்குத் தெருவில் இருக்கும். மிச்சச் சோறு வைத்தால் வாலை ஆட்டும். அதற்குச் செலவு என்று ஒரு கணக்குத் தலைப்பு உண்டு என்பதே எனக்குத் தெரியாது. ஆறு, எட்டு வாரத்தில் தொடங்கி மூன்று நான்கு வாரத்துக்கு ஒரு தடவை தடுப்பூசி போட வேண்டுமாம். யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

வந்த மூன்றாவது வாரம் குட்டி பாலைத் தொடவில்லை. மத்தியானம் நுரையாக வாந்தி. சாயங்காலம் ரத்தமாகப் போனது. அந்த வாடையை ஒரு தடவை முகர்ந்தவர் மறக்க மாட்டார். துருவும் அழுகலும் கலந்த வாடை. அன்று ஞாயிற்றுக்கிழமை. ஒரத்தநாட்டில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறதே என்றார் பக்கத்து வீட்டுக்காரர். மன்னார்குடி தாண்டிப் போக வேண்டும். குட்டிக்குக் கழுத்து நிற்கவில்லை. ஆட்டோவில் துண்டில் சுற்றிக்கொண்டு, விளக்கு எரிந்த தனியார் கிளினிக் ஒன்றுக்குப் போனோம்.

பில்லை இன்னும் வைத்திருக்கிறேன். கணக்கெழுதிய கைக்குத் தாளைக் கிழிக்க வராது. பார்த்ததற்கு ரூ.300. பார்வோ வைரஸைச் சோதிக்கும் கிட் ரூ.900. ரத்த அணு எண்ணிக்கை ரூ.500. நரம்பில் வென்ஃப்ளான் வைத்தது ரூ.150. ட்ரிப், வாந்தி நிற்க ஒரு ஊசி, வேறு கிருமி ஏறாமலிருக்க ஒரு ஊசி, எல்லாம் சேர்த்து நாளுக்கு ரூ.1,400, ஐந்து நாளுக்கு ரூ.7,000. மூன்றாம் நாள் மணி வென்ஃப்ளானைக் கடித்துப் பிடுங்கியதில் மறுபடி ரூ.150. (அந்த நூற்றைம்பதை மட்டும் சந்தோஷமாகக் கொடுத்தேன். கடிக்கத் தெம்பு வந்துவிட்டதே.) நான்காம் நாள் திரும்ப ரத்தம், ரூ.500. வீட்டில் கொடுக்க டப்பா உணவு நான்கு, ரூ.1,400. ஆக மொத்தம் ரூ.10,900. தடுப்பூசி அதே கிளினிக்கில் ரூ.600 என்று சுவரில் ஒட்டியிருந்தது. அதைப் படிக்காமலிருக்க வேறு சுவர் பார்த்து உட்கார்ந்தேன்.

கொள்ளை என்றுதான் முதல் நாள் வீட்டில் வந்து சொன்னேன். “இந்த வைரஸக் கொல்ல எங்கிட்ட மருந்து இல்ல சார்,” என்று டாக்டரே சொன்னபிறகு எதற்கு இவ்வளவு பணம்? அதையும் அவரிடமே கேட்டேன். பொறுமையாகச் சொன்னார். பார்வோ, வேகமாகப் பெருகும் அணுக்களைத் தேடிப் போகும். குடலின் உள் தோலும் எலும்பு மஜ்ஜையும் அதற்கு வசதியான இடங்கள். குடல் தோல் உரிந்து தண்ணீரெல்லாம் வெளியே போகும், எதிர்த்து நிற்க வேண்டிய வெள்ளணு அதே நேரத்தில் குறையும். தண்ணீர் வற்றிச் சாகாமல் பிடித்து வைத்தால் உடம்பே வைரஸை ஜெயிக்கப் பார்க்கும். “நான் ஏத்துறது டைம் சார்,” என்றார். ஐந்தரை வருடப் படிப்பு படித்தவர், இரவு பத்து மணிக்குக் குட்டியின் கால் ரோமத்தை மழித்து நரம்பு தேடிக்கொண்டிருந்தார். நரம்பு நூல் கனம்தான் இருக்கும்.

அவர் மாட்டிய பாட்டிலைப் படித்தேன். ரிங்கர் லாக்டேட். என் அம்மாவுக்கு இடுப்பெலும்பு முறிந்து அரசு மருத்துவமனையில் 22 நாள் கிடந்தபோது தலைமாட்டில் தொங்கியதும் அதே பெயர்தான். அந்த 22 நாளில் நான் செலவு செய்தது டீக்கும் ஆட்டோவுக்கும். அந்தப் பாட்டிலுக்கு அப்போது விலை இல்லாமலா இருந்தது? ஊர் உலகமே வரியாகக் கட்டி, எனக்குத் தெரியாமல் அதைக் கொடுத்து முடித்திருந்தது. மணிக்கு அப்படிக் கொடுக்க யாரும் இல்லை, என்னைத் தவிர. அதனால் வைத்தியத்தின் விலையை நான் முதன்முதலாகப் போர்வை இல்லாமல் பார்த்தேன். பார்த்துவிட்டுக் கொள்ளை என்றேன்.

இன்னொன்றும் இருந்தது. அம்மாவுக்கு யாரும் “பண்ணிடலாமா” என்று கேட்கவில்லை. கேட்டால் “வேண்டாம்” என்று ஒரு பதிலும் இருக்கிறது என்றாகிவிடும். நாய்க்கு மட்டும் அந்தப் பதில் ஒவ்வொரு நாளும் மேசைமேல் கிடந்தது, எடுத்துக்கொள் என்று.

எங்கள் கூட்டுறவுச் சங்கத்தில் கறவை மாட்டுக் கடன் கொடுப்போம். மாட்டுக்கு ஒரு விலை உண்டு. எத்தனையாவது ஈற்று, எத்தனை லிட்டர் என்று பேச்சு உண்டு, காதில் வில்லை மாட்டினால் இன்சூரன்ஸ் உண்டு. 60,000 ரூபாய் மாட்டுக்கு 10,000 செலவழிக்கலாமா என்று விவசாயி யோசிப்பதில் ஒரு கணக்கு இருக்கிறது. மணிக்குச் சந்தை விலை பூஜ்யம். “வேற குட்டி எடுத்துக்கலாமே அத்தான்,” என்றான் மைத்துனன் போனில். கெட்ட மனதோடு சொல்லவில்லை, பாவம். செருப்பு அறுந்தால் வேற என்று சொல்லலாம். அம்மாவுக்குச் சொல்ல முடியாது. இந்த இரண்டுக்கும் நடுவில் மணி எங்கே நிற்கிறது என்பது அந்த ஐந்து நாளும் எனக்குப் பிடிபடவில்லை. என் மனைவிக்குக் குழப்பமே இல்லை. திருவாசகம் ஓதுகிறவள். “மாணிக்கவாசகர் தன்னை எத்தனை இடத்துல நாயின்னு சொல்லிக்கிறாரு. அவருக்குச் சிவன் எஸ்டிமேட் போட்டுக் குடுத்தாரா?” என்று கேட்டுவிட்டுக் கஞ்சி காய்ச்சப் போய்விட்டாள்.

மூன்றாம் நாள் கைப்பணம் தீர்ந்தது. மோதிரத்தைக் கழற்றிக்கொண்டு நான் வேலை பார்த்த சங்கத்துக்கே போனேன். 32 வருட வேலையில் பாதிக்கு மேல் நகைக்கடன் மேசையில் இருந்தவன், அன்றுதான் மேசைக்கு அந்தப் பக்கம் நின்றேன். நாலரை கிராம். கல் கழிவு போக நான்கு. இன்னும் கூடவே கிடைக்கும் சார் என்றான் பையன். 11,000 போதும் என்று எழுதிக் கொடுத்தேன்.

தராசு பிடித்தவனுக்குச் சிபி கதை மற்றவர்களுக்குப் படுவதுபோல் படாது. பருந்துக்குத் தப்பி வந்த புறா ஒரு தட்டில், அரசன் அறுத்து வைக்கும் தசை மறு தட்டில். வைக்க வைக்கப் புறாத் தட்டு கீழேயே நிற்கிறது. எங்கள் மேசையில் இப்படி நடந்தால் முதலில் தராசைத்தான் சந்தேகப்படுவோம். கிளினிக்கில் எனக்கு நடந்ததும் அதுதான். இன்றோடு சமமாகிவிடும் என்று ஒவ்வொரு நாளும் ஒரு துண்டு வைத்தேன். மூன்றாம் நாள் கட்டிய பணத்தில், முதல் இரண்டு நாள் கட்டியது வீணாகக் கூடாதே என்ற நினைப்பும் இருந்தது. அது கருணையா, நஷ்டம் எழுத மனம் வராத கணக்குப்பிள்ளையின் வீம்பா என்று கேட்டால், எடை பிரித்துச் சொல்ல என்னால் ஆகாது.

பள்ளிக்கூடத்தில் அந்தக் கதையில் பருந்துதான் கெட்டவன். இப்போது அப்படித் தோன்றவில்லை. பசியோடு வந்து நியாயம் கேட்கிறது: அதைக் காப்பாற்ற என்னைப் பட்டினி போடுவாயா? அரசனும் முதலில் வேறு இறைச்சி தருகிறேன் என்றுதான் பேரம் பேசுகிறான். பருந்து ஒத்துக்கொள்ளவில்லை, உன் தசையைக் கொடு என்கிறது. அந்தப் பிடிவாதத்தில்தான் கதையின் தர்மமே இருக்கிறது என்று எனக்கு இப்போது படுகிறது. கருணை உன்னுடையது என்றால் தட்டில் ஏறுவதும் உன்னுடையதாக இருக்க வேண்டும்.

சிலப்பதிகாரத்தில் கண்ணகி பாண்டியன் அவையில் தன் ஊரைச் சொல்லும்போது, புறாவின் துயர் தீர்த்த சோழனையும் மகனைத் தேர்க்காலில் இட்ட சோழனையும் ஒரே மூச்சில் சொல்வாள். இரண்டாமவன் எங்கள் ஊர்க்காரன். கோயில் மதிலுக்கு வெளியே கல்தேர் இருக்கிறது. சின்ன வயதில் அந்தச் சக்கரத்தடியில் கிடக்கும் பிள்ளையைப் பார்த்துப் பயந்திருக்கிறேன். மகனின் தேரில் அடிபட்டுச் செத்த ஒரு கன்றுக்காக அரசன் கொடுத்தது தன் உடம்பை அல்ல, மகன் உடம்பை. அதுகூடத் தன் வயிற்றுப் பிள்ளை என்று சொல்லலாம். சேக்கிழார் சொல்கிற இன்னொரு சாவு ஒன்று இருக்கிறது. இளவரசன்மேல் தேரை ஓட்டு என்று அரசன் ஆணையிட, மாட்டாத அமைச்சர் தன் உயிரை விட்டுவிடுகிறார். முடிவில் கன்றும் இளவரசனும் அமைச்சரும் எழுந்துவிடுகிறார்கள், ஆரூர்ப் பெருமான் அருள். ஆனாலும் அமைச்சர் எந்தக் கணக்கில் செத்தார் என்பது எனக்கு உறுத்திக்கொண்டே இருக்கும்.

தருமன் சொர்க்க வாசலில் நாயை விட மாட்டேன் என்று நின்றதையும் எல்லோரும் எனக்கு நினைவுபடுத்தினார்கள். அங்கே இந்திரன் கேட்பதை யாரும் சொல்லவில்லை. தம்பிகளையும் திரௌபதியையும் வழியில் விட்டுவிட்டு வந்தவனுக்கு நாயை விடுவதில் என்ன தயக்கம் என்று கேட்கிறான். அவர்கள் இறந்த பிறகுதான் விட்டேன், உயிரோடு விடவில்லை என்று தருமனிடம் பதில் இருந்தது. தவிர அவனுடைய நாய் கடைசியில் தருமதேவதையாக மாறிவிட்டது. மணி எதுவாகவும் மாறவில்லை. ஐந்தாம் நாள் எழுந்து என் செருப்பைத் தின்றது.

என்னுடைய பருந்து வீட்டுக்குள்ளேயே இருந்தது. ஒன்பது வருடமாக வாசல் பெருக்கிப் பாத்திரம் தேய்க்க வரும் அம்மா, அதற்கு முந்தின மாதம்தான் மகளின் பாலிடெக்னிக் ஹாஸ்டலுக்கு ரூ.5,000 கேட்டிருந்தார். “கையில இல்லம்மா,” என்றேன். பொய் இல்லை, கையில் பணம் இல்லை. மோதிரம் இருந்தது. அது எனக்கு அன்று தோன்றவே இல்லை. மறைத்திருந்தால்கூடப் பரவாயில்லை. தோன்றவே இல்லை.

பார்வோ கிருமி மண்ணில் மாதக்கணக்கில் கிடக்குமாம். குட்டி கிடந்த இடத்தையெல்லாம் பிளீச்சிங் பவுடர் கரைத்துக் கழுவச் சொல்லியிருந்தார் டாக்டர். கழுவியது அந்த அம்மாதான். ரத்தம் காய்ந்த சாக்கைக் கையாலேயே சுருட்டிக் கொண்டுபோய் எரித்தார். நாலாம் நாள் வாளியைக் கவிழ்த்துக்கொண்டே கேட்டார்.

“எவ்வளவுங்கய்யா ஆச்சு அதுக்கு?”

“ஆச்சும்மா, ரெண்டு மூணு.”

மனைவி அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை. 32 வருடத்தில் ஒரு பேரேட்டிலும் ஒரு தொகையைக்கூட நான் குறைத்து எழுதியது கிடையாது.

அடுத்த வாரம் ரூ.5,000 புரட்டிக் கொண்டுபோய் நீட்டினேன்.

“அப்பவே வாங்கிட்டேங்கய்யா.”

“யார்கிட்ட?”

“வெளியிலதான். பத்து வட்டி.”

நூற்றுக்குப் பத்து, மாதத்துக்கு. ஐயாயிரத்துக்கு ஐந்நூறு. கூட்டுறவுக் கடன் சங்கங்களுக்கு 1904இல் சட்டம் போட்டதே இந்த மாதிரி வட்டியிலிருந்து ஏழையை மீட்கத்தான் என்று வருடா வருடம் கூட்டுறவு வார விழா மேடையில் பேசியவன் நான். சால்வை கூடப் போட்டிருக்கிறார்கள். ஐந்நூறு சேர்த்து 5,500ஆக எண்ணிக் கொடுத்து, இன்றைக்கே அசலை அடைத்துவிடு என்றேன். எண்ணிப் பார்த்து ஐந்நூறைத் திருப்பி வைத்தார். இந்த மாத வட்டி கட்டியாகிவிட்டதாம். மிச்சத்தைச் சம்பளத்தில் மாதம் ஐந்நூறாகப் பிடித்துக்கொள்ளச் சொன்னார். வேண்டாம் என்றேன். “அப்பன்னா இத வச்சுக்குங்க,” என்று மொத்தத்தையும் நீட்டினார். சரி, பிடித்துக்கொள்கிறேன் என்றேன்.

மோதிரம் இன்னும் சங்கத்தில்தான் இருக்கிறது. மணிக்கு முதல் தடுப்பூசி போட்டுக்கொண்டு வந்த அன்று அந்த அம்மா வாசலில் இருந்தார்.

“நெசமா எவ்வளவுங்கய்யா ஆச்சு?”

“10,900.”

துடைப்பத்தைத் தரையில் தட்டி நுனியைச் சமம் செய்தார். “அன்னைக்கே சொல்லியிருக்கலாம்ல,” என்றார். எதை என்று நான் கேட்கவில்லை. மணி துடைப்பத்தின் மறுமுனையைக் கவ்வி இழுத்துக்கொண்டிருந்தது. “விடுடா,” என்று அவரும் இழுத்தார். அது விடவில்லை.