சந்திரனுக்கு மறுபடியும் போவானேன்?

“பசித்தவனுக்குச் சோறு போடாமல் ஆகாயத்தில் பணத்தை இறைப்பது தருமமா?” என்று நம் கடைவீதியில் பலர் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். கணக்குப் பார்க்கத் தெரிந்தவர்களின் கேள்வி. ஆகையால் கணக்காகவே பதில் சொல்ல முயல்கிறேன்.

1969 ஜூலையில் மனிதன் சந்திரனில் முதன்முதல் கால் வைத்தான். 1972 டிசம்பருக்குள் பன்னிரண்டு பேர் அங்கே நடந்துவிட்டார்கள். அதன்பின் ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் எவர் காலும் அங்கே படவில்லை. காரணம் என்ன? ரஷ்யாவை முந்தவேண்டுமென்று அமெரிக்கா போயிற்று. முந்தியதும் ஊக்கம் குன்றிற்று. எதிர்க்கடைக்காரனைச் சாய்ப்பதற்கென்றே திறந்த கடை, அவன் சாய்ந்தபின் நிலைப்பதில்லை.

இருந்தும் அவர்கள் 382 கிலோ கல்லும் மண்ணும் கொண்டுவந்தார்கள். 1970 முதல் 1976 வரை ரஷ்ய இயந்திரங்கள் மூன்று தடவை சென்று கொண்டுவந்தவை மொத்தம் அரைக் கிலோகூட இல்லை. இயந்திரத்தை நான் குறைத்துச் சொல்லவில்லை. சந்திரனின் மறுபக்கத்து மண்ணை 2024இல் முதன்முதல் கொண்டுவந்தது சீன இயந்திரமே. ஆனால் 1972இல் போன ஹாரிசன் ஷ்மிட் என்னும் நிலவியல் அறிஞர், நடக்கும்போதே ஆரஞ்சு நிற மண்ணைக் கண்டு நின்றார். பண்டைய எரிமலை உமிழ்ந்த கண்ணாடித் துகள் அது. சரக்கை நேரில் பார்த்து எடுப்பதன் அருமை நமக்குத் தெரியாததா?

அந்தச் சரக்கில் ஒரு பகுதியைப் பிரிக்காமலே வைத்தார்கள். அவ்வாறு 1972இல் மூடிய குழாய் ஒன்றை 2022இல்தான் திறந்தார்கள். பின்வருவோரிடம் நம்மினும் நல்ல கருவிகள் இருக்கும் என்று நம்பிக் காத்த அமானிதம் அது. அறிவைத் தேடுவது இப்படித்தான் இருக்கவேண்டும்.

இனிப் பசிக்கு வருவோம். 2023இல் உலக நாடுகள் படைக்கும் ஆயுதத்துக்கும் செலவிட்டது இரண்டு லட்சம் கோடி டாலருக்கும் அதிகம். அவ்வாண்டு அமெரிக்க விண்வெளி நிறுவனமான நாஸா பெற்ற தொகை சுமார் 2,500 கோடி டாலர். நூறில் ஒரு பங்கு அளவே! ஏழையின் சோற்றைப் பறித்தது எதுவென்று நீங்களே தீர்ப்புச் சொல்லுங்கள்.

ஆனால் ஒரு நிபந்தனை. சந்திரனின் துருவங்களில் வெயிலே படாத பள்ளங்களில் உறைநீர் உண்டு. குடிக்கவும் மூச்சுக் காற்றுக்கும் ராக்கெட் எரிபொருளுக்கும் அது உதவும். அகப்படுவது அளவுள்ள சரக்கு, கேட்பவர் பலர். எந்த நாடும் சந்திரனைத் தன் சொத்தென்று உரிமை கொண்டாடக் கூடாதென 1967ஆம் ஆண்டு உடன்படிக்கை கூறுகிறது. அங்கே எடுக்கும் பொருளை எப்படிப் பங்கிடுவது என்பதில்தான் வழக்கு. முந்திப் போனவனே அள்ளிக்கொள்ளலாம் என்றானால், பழைய போட்டிதான் திரும்பும்.

நோன்பும் பெருநாளும் ஜகாத் ஆண்டும் பிறைக் கணக்கில் பார்க்கிற நமக்குச் சந்திரன் அந்நியமன்று. மனிதன் அங்கே மறுபடியும் போகட்டும். போகும்போது நேர்மையான தராசையும் கொண்டு போகட்டும்.