நோவதற்கென்றே ஒரு பிறப்பு

ஆய்வகங்களுக்காக நாய் வளர்த்த வர்ஜீனியாவின் என்விகோ பண்ணையிலிருந்து 2022-இல் ஏறத்தாழ 4,000 பீகிள் நாய்கள் மீட்கப்பட்டன. ஈராண்டு கழித்து அந்நிறுவனம் குற்றத்தை ஒப்புக்கொண்டு 3.5 கோடி டாலருக்கு மேல் கட்ட இசைந்தது. நல்லது. ஆனால் அந்த இரக்கம் சுண்டெலியின் கூண்டுவரை போகவில்லை. ஆய்வுக்கென வளர்க்கும் சுண்டெலி, அமெரிக்க விலங்கு நலச் சட்டத்தின்படி விலங்கே அன்று. 2002-இல் செய்த திருத்தம் அப்படித்தான் சொல்கிறது.

கணக்கில் வராத இந்த உயிரைத்தான் உமிழ்நீர்ச் சுரப்பியில் கடும்புற்று வளரும்படி மரபணு மாற்றிப் பிறப்பிக்கிறார்கள். இது அறமன்று. கொல்வது ஒரு பிழை. நோவதற்கென்றே பிறக்கவைப்பது அதனினும் பெரிது. அம்பு படும்வரை மானுக்குக் காடாவது உண்டு. இதற்கோ கருவிலேயே நோயின் வித்து இடப்படுகிறது.

ஹார்வர்டின் பிலிப் லெடரும் டிமதி ஸ்டூவர்ட்டும் உருவாக்கிய ஆன்கோமவுஸ் என்னும் மரபணு மாற்றிய சுண்டெலிக்கு 1988-இல் அமெரிக்கா காப்புரிமை தந்தது. ராஸ் என்னும் புற்று மரபணுவைச் சுமந்த சுண்டெலிகளுக்கு மார்பகத்தோடு உமிழ்நீர்ச் சுரப்பியிலும் புற்று வந்ததை லெடரின் குழு அதற்கு முந்தைய ஆண்டே எழுதியிருந்தது. விலங்கின் துன்பத்தையும் மனிதரின் பயனையும் தராசில் இட்ட ஐரோப்பியக் காப்புரிமை அலுவலகம், 1992-இல் பயனின் பக்கமே சாய்ந்தது.

தராசு நமக்குப் புதிதன்று. புறாவின் துயர் தீர்க்கத் தானே தராசில் ஏறிய சிபியைச் சோழரின் முன்னோனாகப் போற்றுகிறது புறநானூறு. அவன் வைத்தது தன் உடலை; இவர்கள் வைத்தது எலியின் உடலை. தன் உயிரே போவதானாலும் பிறிதோர் உயிரைப் போக்காதே என்ற வள்ளுவர், நோயாளிக்கென்று விலக்கு எதுவும் வைக்கவில்லை. பிற உயிரின் நோவைத் தன் நோவாகக் கொள்ளாதவனுக்கு அறிவால் ஆவது என்ன என்றும் கேட்டார். ஆய்வகத்தின் வாசலில் நின்று கேட்டதுபோல் இருக்கிறது. மணிமேகலையின் ஆபுத்திரன், வேள்விக்கென நிறுத்திய பசுவை இரவில் ஓட்டிச் சென்று காத்தான். பெரும்பயன் என்ற சொல் அவனைத் தடுக்கவில்லை. கன்றை இழந்த பசுவுக்காக மகனையே தேர்க்காலில் இட்ட மனுநீதிச் சோழன் கதையைப் பிள்ளைகளுக்கு இன்னும் சொல்கிறோம், பொருளை மட்டும் விட்டுவிட்டு.

நோயாளியின் துயர் பெரிது, மறுக்கவில்லை. உமிழ்நீர்ச் சுரப்பியில் வரும் அடினாய்டு சிஸ்டிக் வகைப் புற்று நரம்புவழி ஊர்ந்து, பல ஆண்டுகள் கழித்தும் நுரையீரலில் தலைகாட்டும். இப்புற்றின் பெயரில் ஆய்வகங்களில் புழங்கிய ஆறு செல் வரிசைகள் வேறு செல்கள் என்று 2009-இல் தெரியவந்ததால், உயிருள்ள மாதிரி வேண்டும் என்பார்கள். சரிபார்க்காத கைகளின் பிழைக்குச் சுண்டெலியா தண்டம் கட்டுவது? அதே 2009-இல்தான் இப்புற்றின் அடிப்படைக் கோளாறான மிப்–என்எஃப்ஐபி மரபணு இணைவும் வெளிப்பட்டது. அது கிடைத்த இடம் நோயாளிகளின் கட்டி, எலியின் கழுத்தன்று. நோயாளி இசைந்து தரும் அந்தத் திசுவைச் சேர்த்துக் காக்கவும் வளர்க்கவுமே ஆய்வுப் பணம் முதலில் போகட்டும்.